தலைக்கு மேல் தொழிற்பேட்டை

பாடி மேம்பாலத்தில் தொடங்கி ஆவடி தாண்டும் வரை சி.டி.எச். ரோட்டிலும், இந்தப் பக்கம் பூந்தமல்லி நெடுஞ்சாலை நெடுகிலும் விளம்பரப் பலகைகள் நமக்கு வீடு விற்றுக்கொண்டே இருக்கின்றன. நீச்சல் குளம் உண்டு, கிளப் ஹவுஸ் உண்டு, பவர் பேக்கப் உண்டு, நூறு சதவீதம் வாஸ்து உண்டு. வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்று சோபாவில் சிரித்தபடி உட்கார்ந்திருக்கும். பலகையில் இல்லாதது ஒன்றே ஒன்றுதான்: மேல் வீட்டுக்காரரின் குதிகால். அது பத்திரம் பதிந்த பிறகு இலவச இணைப்பாக வந்து சேரும்.

வாங்குகிறவரும் லேசுப்பட்டவர் அல்ல. வாசல் எந்தத் திசை, அடுப்படி அக்னி மூலையில்தானா, சி.எம்.டி.ஏ. அப்ரூவல் நம்பர் என்ன, ரேரா பதிவு இருக்கிறதா, யூ.டி.எஸ். எத்தனை சதுர அடி, 2015 வெள்ளத்தில் தெருவில் தண்ணீர் எதுவரை நின்றது என்று துருவித் துருவிக் கேட்பார். "தளம் எத்தனை இஞ்ச்? டைல்ஸுக்கு அடியில என்ன போட்டிருக்கீங்க?" என்று கேட்ட ஒருவரை நான் இன்னும் பார்க்கவில்லை. கேட்டிருந்தால் பதில் சுருக்கமானது. பெரும்பாலும் ஐந்து இஞ்ச் கான்கிரீட், மேலே சிமென்ட் கலவை, அதற்கும் மேலே முகம் பார்க்கிற மாதிரி விட்ரிஃபைடு டைல்ஸ். முடிந்தது. நம்முடைய கூரையும் மேல் வீட்டுக்காரருடைய தரையும் ஒரே பலகைதான். நடுவில் ஒரு ரப்பர் ஷீட் விரித்திருந்தால் சதுர அடிக்குக் கொஞ்சம் கூடுதலாகும். அந்தக் காசில் நுழைவாயிலில் ஒரு செயற்கை நீரூற்று வைத்துவிட்டார்கள். அதுவும் ஓடுவதில்லை.

சத்தத்தில் இரண்டு வகை. பேச்சு, பாட்டு, சீரியல் எல்லாம் காற்றில் வருபவை. கனமான கான்கிரீட் இவற்றைப் பெரும்பாலும் தடுத்துவிடும். குதிகால், நாற்காலிக் கால், கைதவறி விழுகிற சொம்பு இதெல்லாம் கட்டடத்தின் உடம்பிலேயே அடித்துப் புறப்படுபவை. இவற்றுக்கு வெறும் கனம் போதாது, அடி விழுகிற இடத்தில் மெத்தென்று ஏதாவது இருந்தாக வேண்டும். ஆகவே மேல் வீட்டில் என்ன சண்டை என்று நமக்குத் தெரியாது. சண்டை முடிந்து யார் எந்த அறைக்குக் கோபித்துக்கொண்டு போனார் என்பது மட்டும் துல்லியமாகத் தெரியும். செருப்பை வாசலில் விடுகிற நல்ல பழக்கம் வேறு நமக்கு. வெறுங்குதிகால், வெறும் டைல்ஸ். கொஞ்சம் வாட்டசாட்டமான ஆள் செல்போனில் பேசிக்கொண்டே ஹாலுக்கும் பெட்ரூமுக்கும் உலாத்தினால் அந்த 'தொம் தொம்' காதுக்கு வராது, நேராக நெஞ்சுக்கூட்டுக்கு வரும். காதில் பஞ்சு அடைத்துப் பயனில்லை.

காலை ஐந்தே முக்காலுக்கு இஞ்சி. டீக்கு ஒரு துண்டு இஞ்சி நசுக்க எத்தனை குத்து வேண்டும்? என் வீட்டில் நாலு போதும். மேலே அது ஒரு வேள்வி. இடிகல்லைச் சமையல் மேடையின் கிரானைட்மேல் வைத்து இடிப்பார்கள், மேடை சுவருக்குச் சொல்லும், சுவர் எனக்குச் சொல்லும். எட்டு மணிக்குப் பிள்ளையின் ஸ்கூட்டர், ஹால் முனையிலிருந்து பால்கனி வரை. சனிக்கிழமை பரதநாட்டிய வகுப்பு, தட்டடவு, மூன்று காலத்திலும். முதல் காலத்தில் கலையை ரசிக்கலாம். மூன்றாம் காலத்தில் என் வீட்டு ஃபேன் தாளம் போடத் தொடங்கும். ஞாயிற்றுக்கிழமை கிரைண்டர், ஒரு வாரத்து மாவு. ராத்திரி ஒரு மணிக்குக் கட்டிலை நகர்த்துவார்கள். இந்தக் கட்டில் விஷயம் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பத்துக்குப் பதினொன்று அறை. அதில் கட்டில் எங்கேதான் போகும்? போன வாரம் வடக்கே போனது இந்த வாரம் தெற்கே வருகிறதா? ஏதாவது ஜோசியரின் யோசனையா?

இதில் எரிச்சலூட்டும் செய்தி இதுதான். நாம் குடியிருப்பது அம்பத்தூர். 1964-இல் தொழிற்பேட்டை வந்த ஊர். பவர் பிரஸ்ஸும் லேத்தும் என்ன சத்தம் போடும் என்று மூன்று தலைமுறையாகத் தெரிந்த ஊர். விவரமுள்ள பட்டறை முதலாளி எவரும் பிரஸ்ஸை வெறும் தரையில் நிறுத்த மாட்டார், அடியில் ரப்பர் பேடு கொடுத்துத்தான் நிறுத்துவார். கொடுக்காவிட்டால் அதிர்ச்சி மிஷினையும் தின்னும், தரையையும் தின்னும் என்று அவருக்குத் தெரியும். அதே முதலாளி, அதே சூபர்வைசர், சாயங்காலம் ஃபிளாட்டுக்கு வந்து டைனிங் நாற்காலியை 'கர்ர்ர்' என்று இழுத்துப் போட்டு உட்காருகிறார். நாலு காலுக்கு நாலு ரப்பர் புஷ், ஹார்டுவேர் கடையில் ஒரு டீ பஜ்ஜி காசு. மிஷினுக்குக் கீழே இருக்கிற தரைக்குக் கொடுக்கிற மரியாதையை மனுஷனுக்குக் கீழே இருக்கிற மனுஷனுக்குக் கொடுக்கத் தோன்றவில்லை.

இதே ஊரில்தான் ஷிஃப்ட் ஆட்களும் இருக்கிறார்கள். தொழிற்பேட்டை கம்பெனிகளில், ஆவடி டேங்க் தொழிற்சாலை பக்கம், அன்னனூர் ரயில் பணிமனையில், ராத்திரி முழுக்கக் கண் விழித்து வேலை செய்துவிட்டுக் காலை ஏழரைக்கு வந்து படுக்கிறவர்கள். அவர்களுக்கு இரவு என்பது காலை எட்டிலிருந்து பிற்பகல் மூன்று. அந்த நேரத்தில்தான் மேலே இன்டீரியர் வேலை, ஹேமர் டிரில். "பகல்ல தானே சார் போடுறோம்" என்பார்கள், நியாயத்தின் திருவுருவமாக நின்றுகொண்டு. தூங்காத கண்ணோடு மறுநாள் ராத்திரி பிரஸ்ஸுக்கு முன்னால் கை வைக்கப் போகிறவனுடைய விரலுக்கு யார் ஜவாப்தாரி? மாடுலர் கிச்சனா?

சரி, மேலே போய்ப் பேசலாம் என்று போனால் கதவு திறக்கும். பக்தி மணம் கமழும். "வாங்க சார், உள்ள வாங்க, காபி சாப்பிடறீங்களா?" அந்த உபசாரத்திலேயே பாதிக் கோபம் போய்விடும், அதற்காகத்தான் அந்த உபசாரம். விஷயத்தைச் சொன்னால் முகம் மாறும். "குழந்தைங்க இருக்கிற வீடு சார், கையைக் காலைக் கட்டியா போட முடியும்?" குழந்தை ஓடட்டும், யார் வேண்டாம் என்றது? ஒரு பாய் விரியுங்கள் என்றால், "டைல்ஸ் போட்டதே பார்க்கறதுக்குத்தானே சார்" என்பார். கடைசியாக அந்தப் பிரம்மாஸ்திரம்: "நீங்க ரொம்ப சென்சிட்டிவ் போல. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க." கீழே இருப்பவர் வாடகைக்கு என்று தெரிந்தால் அட்ஜஸ்டும் கிடையாது. "நீங்க டெனன்ட்தானே? எதுனாலும் உங்க ஓனரைப் பேசச் சொல்லுங்க." வாடகைக்காரனுக்குக் காது ஓனருடையது. ஓனர் மஸ்கட்டில் நிம்மதியாகத் தூங்குகிறார்.

அசோசியேஷனுக்கு எழுதலாம். வாட்ஸாப் குழுவில் உங்கள் புகாருக்குக் கீழே இரண்டு கைகூப்பிய பொம்மை விழும், அப்புறம் யாரோ ஒருவர் குட்மார்னிங் ரோஜாப்பூ அனுப்புவார், உங்கள் புகார் அந்த ரோஜாவுக்கு உரமாகிவிடும். பொதுக்குழு கூடினால் இரண்டு மணி நேரம் கார் பார்க்கிங். இந்தச் சங்கங்களுக்கு விதி எழுதத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். பல குடியிருப்புகளில் பேச்சிலர்களுக்கு வீடு கொடுக்கக் கூடாது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். சாப்பாடு கொண்டுவருகிற பையன் மெயின் லிஃப்டில் ஏறக் கூடாது, வீட்டு வேலை செய்கிற அம்மா சர்வீஸ் லிஃப்டில்தான் வர வேண்டும் என்று லேமினேட் செய்து ஒட்டியிருக்கிறார்கள். வயிற்றுப்பாட்டுக்கு மாடி ஏறுகிறவர்களின் காலடிக்கு இத்தனை சட்டம். ராத்திரி ஒரு மணிக்குக் கட்டில் இழுக்கிறவரின் காலடிக்கு ஒரு வரி கிடையாது. ஏனென்றால் அவர் கமிட்டி மெம்பர்.

சட்டம் இல்லையா? தாராளமாக இருக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவு பத்து முதல் காலை ஆறு வரை 45 என்று வரம்பு கட்டியிருக்கின்றன. சத்தமில்லாமல் வாழ்வது அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் உயிர் வாழும் உரிமையில் அடக்கம் என்று உச்ச நீதிமன்றம் 2005 ஜூலையில் தீர்ப்பே கொடுத்தது. வரம்பை 10 டெசிபல் தாண்டினால் புகார் கொடுக்கலாம். யாரிடம்? மாவட்ட ஆட்சியர், போலீஸ் கமிஷனர், டி.எஸ்.பி.க்குக் குறையாத அதிகாரி என்று விதி அடுக்குகிறது. ஆவடிக்கு 2022 ஜனவரி 1 முதல் தனி கமிஷனரகமே இருக்கிறது. ஆகவே கமிஷனர் ஐயா ஜீப்பில் வந்து இறங்கி, லிஃப்ட் வேலை செய்தால் மூன்றாவது மாடி ஏறி, இஞ்சி இடிக்கும் சத்தத்தை அளந்துவிட்டுப் போவார் என்று நாம் காத்திருக்கலாம்.

அப்படியே ஒரு மீட்டர் வந்தாலும் வேடிக்கை முடியாது. இந்த 55-உம் 45-உம் சராசரிக் கணக்கு. இரவெல்லாம் ஊர் அடங்கிக் கிடந்து, இரண்டு மணிக்கு ஒரு தரம் டம்பெல் விழுந்து, குடும்பமே துள்ளி எழுந்து, கைக்குழந்தை வீறிட்டு, வயதானவருக்குப் படபடப்பு வந்து, மறுபடி தூக்கம் பிடிக்காமல் விடிந்தாலும், சராசரியில் அது சட்டப்படி அமைதியான இரவு. அதோடு, அந்த மீட்டர் கணக்கிடும் முறை அடிநாதமான ஒலிகளைக் குறைத்து மதிப்பிடும். குதிகால் போடுவது சரியாக அந்த 'தொம்' தான். எந்தச் சத்தம் நம்மைக் கொல்கிறதோ அதற்குச் சட்டத்தின் காது மந்தம். ஒலிபெருக்கிக்காகவும் ஆலைக்காகவும் செய்த காது அது.

காவல் நிலையத்தில் பொதுத்தொல்லை என்று எழுதிக் கொடுக்கலாமே என்பார்கள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் அதற்கு அபராதம் 200 ரூபாய் வரை. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா அதை 1,000 வரை உயர்த்தியிருக்கிறது. ஒரு மாத மெயின்டனன்ஸ் பணத்தில் பாதிகூடத் தேறாது. அதுவும் பொதுவுக்குத் தொல்லை என்றால்தான். ஒரே ஒரு கீழ் வீட்டின் தூக்கம் பொதுவில் சேராது, சிவில் கோர்ட்டுக்குப் போக வேண்டும். தீர்ப்பு வருவதற்குள் ஸ்கூட்டர் ஓட்டுகிற பிள்ளை வக்கீலுக்குப் படித்து முடித்து எதிர்த்தரப்பில் ஆஜராகிவிடும்.

கட்டுகிற இடத்தில் பிடித்திருக்க வேண்டிய விஷயம் இது. ஒலித்தடுப்புக்கென்று 1962-லேயே இந்தியத் தரம் ஒன்று வந்துவிட்டது, ஐ.எஸ். 1950 என்று. அம்பத்தூர் தொழிற்பேட்டையைவிட மூத்தது. 2016-இன் தேசியக் கட்டட விதித்தொகுப்பில் ஒலிக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது, மாடிக்கும் மாடிக்கும் நடுவே இறங்குகிற அடிச்சத்தம் உட்பட. ஆனால் அந்தத் தொகுப்பு பரிந்துரைதான். செய்தால் நல்லது, செய்யாவிட்டால் இன்னும் நல்லது, லாபம் மிச்சம். தென்கொரியாவில் அடுக்குமாடித் தளம் 210 மில்லிமீட்டர் இருக்க வேண்டும், நம் ஐந்து இஞ்ச்சைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். 2022 ஆகஸ்ட் முதல் கட்டி முடித்த பிறகு, குடியேறுவதற்கு முன்னால், மேல் மாடியில் ரப்பர் பந்தைப் போட்டுக் கீழே எத்தனை டெசிபல் என்று அளக்கும் முறையும் வந்துவிட்டது. அங்கேயும் சண்டை ஓயவில்லை, கொலை வரை போன வழக்குகள் உண்டு. ஆனால் குற்றம் குதிகாலில் மட்டும் இல்லை, தளத்திலும் இருக்கிறது என்று ஒரு அரசாங்கம் ஒப்புக்கொண்டு ஸ்கேலை எடுத்திருக்கிறது. இங்கே செட்பேக்கில் அரை அடி குறைந்தால் நோட்டீஸ் வரும். தளத்தின் வழியாக மேல் வீடு முழுவதும் இறங்கி வந்தால் நிறைவுச் சான்றிதழ் வரும்.

பில்டர் மட்டும் லாபத்தோடு தப்பித்துவிட்டார். கீழ் வீடும் மேல் வீடும் ஒருவரையொருவர் ஜென்ம விரோதியாகப் பார்த்துக்கொண்டு லிஃப்டில் எண்களை எண்ணிக்கொண்டிருக்க, அவர் திருநின்றவூரில் அடுத்த பூமி பூஜைக்குப் போய்விட்டார்.

அங்கே மாடல் ஃபிளாட் ஒன்று தயாராக இருக்கும். போய்ப் பாருங்கள், ஏசி ஓடும், மல்லிகை வாசம் அடிக்கும், அப்படி ஒரு நிசப்தம். நிசப்தத்தின் ரகசியம், பல இடங்களில் அது தரையில் தனியாகப் போட்ட ஷெட், மேலே மாடியே கிடையாது. எனவே சைட் விசிட் போகிறவர்கள் ஒரு இடிகல்லும், வீட்டில் இருப்பதிலேயே வாலு குழந்தை ஒன்றையும் கூட்டிக்கொண்டு போங்கள். நிஜக் கட்டடத்தில் ஒரு வீட்டைத் திறக்கச் சொல்லி நீங்கள் கீழே நில்லுங்கள். சேல்ஸ் பையனை மேல் வீட்டுக்கு அனுப்பி, "தம்பி, ஒரு பத்து தடவை குதிப்பா" என்று சொல்லுங்கள். "மேல இன்னும் ஹேண்ட்ஓவர் ஆகல சார், சாவி ஆபீஸ்ல இருக்கு" என்பான். சாவி வரும்வரை டோக்கன் அட்வான்ஸ் செக்கில் கையெழுத்துப் போடாதீர்கள்.