களை கட்டிய வீடு

வாய்யா மாப்புள, வா. திண்ணையில உக்காரு. முழங்கால்ல மண்ணு, கையில செல்போனு, மூஞ்சில எட்டூருக் கவலை. பாரிசுலேர்ந்து வந்த பெட்டி ஏர்போட்டுல காணாமப் போனப்பகூட நீ இப்படி இருந்ததில்ல. என்னய்யான்னா, "மாமா, லான்ல களை வந்துருச்சு"ங்குற. வராம என்ன செய்யும்? நம்ம காரைக்கால் மாங்கனித் திருவிழாவுக்கு வர்ற சனமெல்லாம் நம்ம வீட்டையும் எட்டிப் பாக்கும், வாசல் களைகட்டணும்னு நீதானே சொன்ன? கட்டிடுச்சு. வாய் முகூர்த்தம்.

புல்லு போட்டப்பவே சொன்னேன். சதுரடிக் கணக்குப் பேசி, லாரில பாய் பாயாச் சுருட்டிக்கிட்டு வந்து விரிச்சாங்க. கொரியன் புல்லாம். நம்ம அருகு என்னய்யா பாவம் பண்ணுச்சு? ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரோடின்னுதான் கல்யாணத்துல வாழ்த்துறோம். எவனாவது கொரியன் புல்லு மாதிரி வாழுன்னு அட்சதை போட்டிருக்கானா? அஞ்சாறு கிலோமீட்டர் போனா திருநள்ளாறு. அங்க தலவிருட்சமே தர்ப்பைப் புல்லு, சாமி பேரு தர்ப்பாரண்யேசுவரர். புல்லைக் கும்புடுற சீமைய்யா இது. ஆனா அந்தச் சாமி இன்னைக்கு வரைக்கும் புல்லு வெட்டுற மிஷினு வாங்கல.

சரி, அந்தக் களையக் காட்டு. இதா? இதையா செல்போனப் பாத்துட்டு "பிஸான்லி மாமா"ன்னு சொன்ன? பிரெஞ்சுக்காரன் பிஸான்லின்னு சொல்றது மஞ்சப் பூவு, பல்லுப்பல்லா இலை. அந்தப் பேருக்கு அர்த்தம் தெரியுமா? நம்ம தெரு சொல்தாத் தாத்தா, பிரெஞ்சுப் பட்டாளத்துக்காரரு, பென்சன் வாங்குற வரைக்கும் மீசை முறுக்குனவரு, எனக்குச் சொல்லிக் கொடுத்தாரு: படுக்கையை நனைக்கிறதுன்னு அர்த்தம். தின்னா நீரு தாராளமாப் பிரியுமாம். அதோட இளங்கொழுந்தக் கிள்ளி அவங்க சாலட் போட்டுத் திங்கிறாங்க. ஒரு ஊருல கறி, இன்னொரு ஊருல களை. அதை நீ அங்கயே விட்டுட்டு வந்துட்ட.

ஓரத்துல நீட்டமாக் காம்பு விட்டு, உச்சியில ஒத்தப் பூவா நிக்குது பாரு, நடுவுல மஞ்ச, சுத்தி வெள்ளை. அது வெட்டுக்காயப் பூண்டு. சின்னப் பிள்ளையில தாத்தாப்பூன்னு கட்டவிரலால தலையச் சுண்டி விட்டியே, அதேதான். அதைப் பிடுங்குறது சுளுவு. ஆனா புல்லுக்குள்ள புகுந்து பாயா விரிஞ்சிருக்கே, அது வேற சாதி. பேரு பொடுதலை.

சிரிக்காத. குனி. இன்னும் குனி. பிரான்சுல இடுப்பு வளைக்கச் சொல்லித் தரலையா? இலையப் பாரு, ரெண்டு ரெண்டா எதிரெதிரா இருக்கும். அடிப்பாதி வழவழன்னு, நுனிப்பாதியில மட்டும் ரம்பப் பல்லு. இந்தப் பாதிப் பல்லுதான் முதல் அடையாளம். ரெண்டாவது, தண்டத் தூக்கு. வராது. ஏன்னா கணுவுக்குக் கணு வேரு இறக்கியிருக்கும். ரெண்டு முழம் ஓடுன கொடின்னா இருபது எடத்துல காலூன்றியிருக்கும், நம்ம கட்சிக்காரன் மாதிரி. மூணாவது பூவு. உங்க அத்தை மூக்குத்தி பாத்திருக்கியா? நடுவுல கருநீலக் கல்லு, சுத்தி வெள்ளைக் கல்லு. அச்சு அதேதான், அந்த அளவுதான். பூ முத்துனா உருண்டை நீண்டு திப்பிலி மாதிரி ஆயிடும். வடமொழிக்காரன் இதுக்கு சலப்பிப்பலின்னு பேரு வச்சான், தண்ணித் திப்பிலின்னு அர்த்தம். அவனும் குனிஞ்சு பாத்திருக்கான்.

இதை ஏன் இவ்வளவு சொல்றேன்னா, அடையாளம் தெரியாமத்தான் ஊருல பாதிப் பேரு வல்லாரையப் பிடுங்கி எறிஞ்சுட்டு அதையே மாத்திரையா வாங்கித் திங்கிறான். வல்லாரை இலை வட்டமா, காதுமடல் மாதிரி. புளியாரைன்னா மூணு இலை, நாக்குல வச்சா புளிக்கும். அம்மான்பச்சரிசியக் கிள்ளுனா பால் வரும். கீழாநெல்லிக்கு இலைக்கு அடியில காய். இதெல்லாம் அகல இலைக்காரங்க, முளைக்கிறப்பவே ரெண்டு இலையோட வருவாங்க. புல்லு ஒத்தை இலையோட வரும். கோரை ரெண்டுலயும் சேராது. தண்டை விரல்ல உருட்டிப் பாரு, முக்கோணமா இருந்தா கோரை. அதுக்கு நாளைக்கு வா. அது தனி அழுகை.

எப்படி வந்துச்சுன்னு கேக்குற. எல்லையில வாஞ்சூர்ல, நண்டலாறுல செக்போஸ்ட்டு போட்டு வண்டிக்கு வண்டி சாராயப் பாட்டிலைத் தேடுறாங்களே, எவனாவது புல்லுப் பாயப் பிரிச்சுப் பாத்தானா? பாயோட மண்ணுல கணு ஒண்ணு ஒட்டிக்கிட்டிருந்தா போதும். பாயே வராட்டியும் அது வந்திருக்கும். உன் மனை என்னது? வயலத் தூத்துப் போட்டது. மேல ஒரு சாண் செம்மண்ணு, கீழ களிமண்ணு. ஐப்பசி கார்த்திகையில அடைமழை பேஞ்சா மூணு நாளு தண்ணி வடியாது. பொடுதலை வாய்க்கால் கரையிலயும் குளத்தங்கரையிலயும் பொறந்த பிள்ளை. தண்ணி நின்னாலும் அதுக்குக் கவலையில்ல, காஞ்சாலும் கவலையில்ல. கடலு கூப்பிடு தூரம், உன் போருத் தண்ணி வாயில வச்சா உப்பு. அந்த உப்புத் தண்ணியத்தான் காலையும் சாயங்காலமும் பத்து பத்து நிமிசம் தெளிக்கிற. அரைகுறையாத் தெளிச்சா புல்லு வேரு மேலயே நின்னு சோந்து போகும். உப்பைத் தாங்குற பொடுதலைக்கு நீ வெத்தலபாக்கு வச்சு அழைச்ச கணக்கு.

இன்னொண்ணு, அந்த மிஷினு. மொட்டையடிக்கிற மாதிரி ஒட்ட வெட்டுற. பொடுதலை கத்திக்குக் கீழதான்யா படுத்திருக்கு. நிமிந்து நிக்கிற புல்லுக்குத்தான் வெட்டு, படுத்திருக்கிறவனுக்கு வெயிலும் வெளிச்சமும் தாராளம். கத்தியக் கொஞ்சம் ஏத்தி வை. புல்லு உசரமா அடர்த்தியா இருந்தா கீழ நெழலு விழும், கொடி ஓட எடம் சிறுக்கும்.

பிடுங்குறதுக்கு வருவோம். ஏன்யா மொகம் சுருங்குது? காஞ்ச மண்ணுல இழுத்தா கொடி அறுந்து கணு உள்ளயே நிக்கும், ஒண்ணுக்கு மூணா வரும். முந்தின நாளு சாயங்காலம் நல்லாத் தண்ணி கட்டு. காலையில களைக்கொத்தியால கொடியோட நுனியத் தேடு. நுனியிலேர்ந்து ஒவ்வொரு கணுவா நெம்பிக்கிட்டே தாய்வேரு வரைக்கும் போ. கூட்டத்த நடுவுல பிடிச்சு இழுக்காத, அது கோவக்காரன் வேலை. பிடுங்குனத வாய்க்கால்ல வீசிடாத. தண்ணியோட போயி அடுத்த மடைக்காரன் கொல்லையில வேரு விடும், சீரு அனுப்புன மாதிரி. எருக்குழியிலயும் பச்சையாப் போடாத. சிமெண்டுத் தரையில நாலு நாளு காயப் போடு. பிடுங்குன பள்ளத்துல மணலும் மக்குன எருவும் போட்டு, பக்கத்துலேர்ந்து புல்லு பேத்து நடு. எடத்தைக் காலியா விட்டா, இந்த ஊருல யாரு முதல்ல வந்து உக்காருவான்னு உனக்கே தெரியும். விதையும் மண்ணுல கெடக்கும், அதனால மாசத்துக்கு ரெண்டு தடவை ஒரு நடை பாத்துக்க. ஒரேயடியா மூடிக்கெடந்தா அந்தத் துண்டை மட்டும் வேரோட கொத்திப் போட்டு, ஈரமாக்கி, கண்ணாடி பாலிதீனால விளிம்பு வரைக்கும் மூடி மண்ணு போடு. கத்திரி வெயிலா இருந்தா இன்னும் நல்லா வேகும், இப்ப ஆனி வெயிலு கொஞ்சம் சோம்பேறி, ஆறு வாரம் விடு.

அதுக்கெல்லாம் நேரமில்ல, ரெண்டு வாரத்துல ஃபிளைட்டு, மருந்து அடிச்சுடலாமா? இதுக்குத்தானே சுத்தி வளைச்ச. கடைக்காரரு 2,4-டி கொடுத்தாரா? மருந்து சரியான மருந்துதான், பொய் சொல்லக் கூடாது. பயிரோட வளர்ச்சிச் சாறு மாதிரி வேசம் போட்டு உள்ள போகும். அகல இலைச் செடி நிதானம் தெரியாம வளந்து, முறுக்கிக்கிட்டு, செத்துப் போகும். புல்லு தாங்கிக்கும். நெல்லு வயல்ல அடிக்கிறாங்களே, அந்தக் கணக்குதான். ஆனா உன் மதிலுக்குக் கிழக்கே என்ன நிக்குது? நெல் தரிசுல போட்ட பருத்தி, வெடிச்சு எடுக்குற பருவம். பருத்திக்கு இந்த மருந்து வாடை பட்டாலே போச்சு, இலையெல்லாம் விரலு விரலாச் சுருங்கிக் கெடக்கும். தக்காளியும் அப்படியே. ஆடிக்காத்துல அம்மியே பறக்கும், உன் ஸ்பிரேயருத் துளி எம்மாத்திரம்? பருத்திக்காரரு கம்போட வந்து உன்னக் கேட்டா நான் திண்ணையில இருக்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்.

அந்தக் கிளைபோசேட்டுன்னு இன்னொரு பாட்டில் வச்சிருக்கியே, அது புல்லு பூண்டு பாக்காது. உன் கொரியனையும் சேத்துக் கொரியாவுக்கே அனுப்பிடும். பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில்காரங்கள விட்டு வேற யாரும் அடிக்கக் கூடாதுன்னு 2022 அக்டோபர்ல மத்திய அரசே உத்தரவு போட்டுச்சு.

இப்ப ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காத. உங்க பிரான்சுல 2019 சனவரி 1லேர்ந்து சாதாரண சனம் வீட்டுத் தோட்டத்துக்கு இந்த ரசாயன மருந்த வாங்கவும் கூடாது, வச்சிருக்கவும் கூடாது, அடிக்கவும் கூடாது. பூங்காவுக்கு 2017லயே தடை. அங்க உன் வீட்டு வாசல்ல பிஸான்லி பூத்தா பையக் கையில எடுத்துக்கிட்டுக் குனிஞ்சு பிடுங்குவ. காரைக்கால் வந்து எறங்குன உடனே இடுப்பு வளையாது, மருந்துக் கடை மட்டும் கண்ணுல படுது. 1954ல வெள்ளைக்காரன் நம்மகிட்டேர்ந்து கெளம்பிப் போனான், நீ அவன் ஊருக்குப் போயி அவன் சட்டத்த அங்கயே வச்சுட்டு வந்திருக்க. கெட்டிக்காரன்.

அடிச்சே ஆகணும்னா மாதூர்ல வேளாண் அறிவியல் நிலையம் இருக்கு, செருமாவிலங்கையில 1987லேர்ந்து வேளாண் கல்லூரி இருக்கு. ரெண்டு கணுவோட, ஒரு பூவோட ஒரு கொடியப் பிடுங்கிப் பையில போட்டுக்கிட்டுப் போய்க் கேளு. அங்க படிக்கிற பிள்ளைங்களுக்குக் களைதான் பாடம். உன் செல்போனு மாதிரி பேரை மாத்திச் சொல்ல மாட்டாங்க.

ஆனா வெக்கம் ஒண்ணு சொல்லட்டுமா? சப்பான்காரன் இதே பொடுதலையில விதை காய்க்காத ரகம் எடுத்து, குராப்பியான்னு பேரு வச்சான். கலிஃபோர்னியாவுல தண்ணி பத்தாத ஊருக்காரன் புல்லைப் பேத்துட்டு அதைக் காசு கொடுத்து வாங்கி விரிக்கிறான். அவன் பிடுங்குறது புல்லு, நீ பிடுங்குறது பொடுதலை. ரெண்டு பேரும் ஒரே கப்பல்ல மாத்தி ஏத்தி விட்டா கணக்குச் சரியாயிடும். ஆஸ்திரேலியாவுல முர்ரே-டார்லிங் ஆத்துச் சமவெளியில மாடு மேயிற நிலமெல்லாம் இதோட பங்காளிச் செடி ஒண்ணு படந்து அவங்க தலையில அடிச்சுக்கிறாங்க, அதையும் சொல்லிடணும். வெள்ளம் வந்தா கொடி பிஞ்சு போய் அடுத்த எடத்துல உக்காருது. அதனாலதான் வாய்க்கால்ல வீசாதன்னேன்.

நீ பாரிசுலேர்ந்து கொண்டுவந்த அந்தப் பொடுகு ஷாம்பு என்ன வெல? ஏன் கேக்குறேன்னா, நாட்டு மருந்துக் கடையில பொடுகுக்குக் கொடுக்குறதே பொடுதலைத் தைலந்தான். உன் தலையிலயும் இருக்கு, உன் லான்லயும் இருக்கு. ரெண்டையும் தனித்தனியா காசு கொடுத்து விரட்டுற ஒரே ஆளு இந்தத் தெருவுல நீதான்.

நாளைக்குச் சாயங்காலம் தண்ணி கட்டு. மறுநாளு காலையில வெயிலு ஏறுறதுக்கு முன்னாடி களைக்கொத்தியும் பழைய சாக்கும் எடுத்துக்கிட்டு வா. பிடுங்குறது நீ, அறுந்த கணுவ எண்ணுறது நான். மருந்து படாத பக்கத்துல பிடுங்குனது மட்டும் சிமெண்டுத் தரைக்குப் போக வேண்டாம், நேரா நம்ம வீட்டுக் கொல்லைக்கு வரட்டும். உங்க அத்தை எண்ணெய் காய்ச்ச ஒரு மாசமாக் கேட்டுக்கிட்டிருக்கா, எனக்குத்தான் குனிய முடியல.