சரிவில் போட்ட சர்வீஸ்

வாலிபால் களத்தின் நீளம் 18 மீட்டர், அகலம் 9 மீட்டர். சுற்றிலும் குறைந்தது 3 மீட்டர் காலியிடம் வேண்டும் என்கிறது விதிப்புத்தகம். அதை எழுதியவர்கள் ஏற்காடு பக்கம் வந்திருக்க மாட்டார்கள். சேர்வராயன் மலையில் அவ்வளவு பெரிய சமதளம் எங்காவது அகப்பட்டால், இந்நேரம் அதில் ஒரு காட்டேஜ் எழும்பி, வாசலில் அறை வாடகைப் பலகையும் தொங்கிக்கொண்டிருக்கும். எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வாய்த்த மைதானத்தில் ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் காப்பித் தோட்டம். மறுபக்கம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். உண்மையில் அது கீழ்ப்பக்கம்.

அங்கே நான் பி.டி. சார். ஆறாவது முதல் பத்தாவது வரை பிள்ளைகளுக்கு சர்வீஸ் போடச் சொல்லிக்கொடுப்பது என் கடமைகளில் ஒன்று. சேலத்தில் வேலை பார்க்கும் நண்பர்களுக்கு சர்வீஸ் என்றால் பந்தை நெட்டுக்கு அந்தப் பக்கம் அனுப்புவது. எனக்கு, போன பந்தைத் திரும்ப வரவழைப்பது.

இதற்கெல்லாம் யார் காரணம் என்று தேடினால் 1895க்குப் போக வேண்டும். அமெரிக்காவில் ஹோலியோக் என்ற ஊரில் ஒய்.எம்.சி.ஏ.வின் உடற்பயிற்சி இயக்குநராக இருந்த வில்லியம் மார்கன் உருவாக்கிய ஆட்டம் இது. பாஸ்கெட்பால் ஆடி மூச்சு வாங்கிய நடுத்தர வயது வியாபாரிகளுக்காக, கட்டடத்துக்குள்ளே ஆடுவதற்கென்று யோசித்தார். கட்டடம் என்றால் சுவர் உண்டு. பந்து எந்தப் பக்கம் போனாலும் முட்டி நின்றுவிடும். மனிதர் நிம்மதியாக விதி எழுதியிருக்கிறார். அவருடைய முதல் விதிகளில் டென்னிஸ் மாதிரி சர்வீஸுக்கு இரண்டாவது வாய்ப்பு இருந்தது. அதைவிடப் பெரிய தாராளம் ஒன்றும் இருந்தது. அடித்த பந்து நெட்டில் மோதப்போகிறது என்று தெரிந்தால், அதே அணியிலிருந்து இன்னொருவர் நடுவில் புகுந்து தட்டி அந்தப் பக்கம் சேர்த்துவிடலாம்.

இதை ஒன்பதாம் வகுப்பில் சொன்னபோது, "அந்த ரூல ஏன் சார் எடுத்தாங்க?" என்று வகுப்பே துக்கம் விசாரித்தது.

மார்கன் படித்த ஸ்பிரிங்ஃபீல்ட் கல்லூரியிலேயே படித்த இன்னொருவர் ஹாரி குரோ பக். அவர் மெட்ராஸுக்கு வந்து 1920ல் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி இன்றும் நந்தனத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டு பி.டி. சார்களின் வம்சாவளியைத் தோண்டிக்கொண்டே போனால் பலருக்கும் அந்த வாசலில்தான் போய் முடியும். விசில், அட்டென்ஷன், ஸ்டாண்ட் அட் ஈஸ் எல்லாம் வாழையடி வாழையாக வந்துவிட்டன. சரிவில் நின்று எப்படிப் பாடம் நடத்துவது என்பது மட்டும் அந்தச் சொத்தில் சேரவில்லை.

முதல் பாடம் அண்டர் ஆர்ம் சர்வீஸ். வலக்கைக்காரன் இடது காலை முன்னால் வைக்க வேண்டும். பந்தை இடது கையில், இடுப்புக்குச் சற்றுக் கீழே பிடிக்க வேண்டும். வலது கையைப் பின்னால் கொண்டுபோய் வீசி, உள்ளங்கையின் அடிப்பாகத்தால் பந்தின் கீழ்ப்பாதியில் தட்ட வேண்டும். தட்டுமுன் பந்து கையை விட்டிருக்க வேண்டும். பிடித்துக்கொண்டே அடித்தால் ஃபவுல். விசில் ஊதிய 8 விநாடிக்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும்.

சொல்லி முடித்ததும் எல்லாத் தலையும் ஆடும். பிறகு முதல் பையன் வந்து வலது காலை முன்னால் வைப்பான். "டேய், இடது காலு." காலை மாற்றுவான், கூடவே கையும் மாறிவிடும். கையைத் திருத்தினால் பந்தை ஆளுயரம் தூக்கிப் போடுவான். அது அவன் முதுகுக்குப் பின்னால் இறங்கும்போது, கை மட்டும் சொன்ன நேரத்துக்கு வந்து காற்றை அடித்துவிட்டுப் போகும். 8 விநாடியில் இவ்வளவு செய்ய முடியும் என்பதே எனக்கு ஆச்சரியம்.

சின்னப் பிள்ளைகளை எடுத்தவுடன் எல்லைக்கோட்டில் நிறுத்தக் கூடாது. நெட்டிலிருந்து 3 மீட்டரில் இருக்கும் கோட்டில் நிறுத்தி, பந்து தாண்டத் தாண்ட ஒவ்வோர் அடியாகப் பின்னுக்கு அனுப்ப வேண்டும். பெண்களுக்கு 2.24 மீட்டர், ஆண்களுக்கு 2.43 மீட்டர் என்று அடம்பிடிக்காமல் நெட்டையும் இறக்கிக் கட்ட வேண்டும். எங்கள் நெட் விஷயத்தில் அந்தச் சிரமம் இல்லை. நடுவில் அதுவே இறங்கிக்கொள்ளும்.

பயிற்சிப் புத்தகங்களில் ஓர் அட்டவணை போட்டிருப்பார்கள். பந்து நெட்டில் மாட்டினால் கை வேகம் போதவில்லை, அல்லது பந்தின் மேல்பக்கம் அடி பட்டிருக்கிறது. எல்லைக்கு வெளியே போனால் வேகம் அதிகம், அல்லது அடித்தபின் கை ஆகாயத்தைப் பார்க்கிறது. தப்பைப் பார், காரணத்தைப் பிடி, திருத்து. படிக்கும்போது நாமும் ஒரு டாக்டர்தான் என்ற எண்ணம் வந்துவிடும். நானும் அந்த அட்டவணையை வைத்துக்கொண்டு ரொம்ப நாள் வைத்தியம் பார்த்தேன். ஒரு நோயாளியும் குணமாகவில்லை.

எங்கள் பள்ளியில் ஒரு சட்டம் உண்டு: வெளியே அடித்தவன்தான் போய் எடுத்துவர வேண்டும். கீழே இறங்கினால் இடுப்பளவு காப்பிச் செடிகள். அதற்கும் கீழே மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்கள். இந்த மலைக்கு 1820களில் காப்பியைக் கொண்டுவந்தவர் சேலம் கலெக்டர் காக்பர்ன் என்பது ஏற்காட்டில் எல்லோருக்கும் தெரிந்த வரலாறு. பந்து உருண்டுபோய் ஒளிந்துகொள்ள இதைவிடத் தோதான பயிர் வேறில்லை என்று அவருக்கு அப்போது யாரும் எடுத்துச்சொல்லவில்லை. உருண்ட பந்து வேர் தட்டி நிற்கும், அல்லது நிற்காது.

இந்தச் சட்டத்தை வைத்துப் பிள்ளைகள் கணக்குப் போட்டிருக்கிறார்கள். நெட்டில் அடித்தால் பந்து காலடியில் விழும். யாரும் எங்கேயும் இறங்க வேண்டாம். ஆகவே நடக்கச் சோம்பல்படுகிறவன் நெட்டைக் குறிபார்த்தே அடிக்கிறான். அடித்துவிட்டு "ச்சே!" என்று தொடையில் தட்டிக்கொள்வதும் உண்டு. நெட்டின் நடுவில் அவ்வளவு சுத்தமாக அடிக்கத் தெரிந்தவனுக்கு ஒரு முழம் மேலே அடிக்கத் தெரியாதா என்ன?

எதிர்க்கட்சி ஒன்றும் உண்டு. அடுத்த பீரியட் கணக்கு என்றால் அவர்கள் பந்தை நேரே தோட்டத்துக்குள் இறக்குவார்கள். கால் சரி, கை சரி, டாஸ் சரி, திசைதான் தெற்கு. "சார், தேடுறதுக்குத் துணைக்கு ரெண்டு பேர் வேணும் சார்." துணைக்குப் போகப் பாதி வகுப்பு கையைத் தூக்கும். முட்டியில் செம்மண்ணும் முகத்தில் துயரமுமாகக் கணக்கு பீரியட் முடிகிற நேரத்துக்குச் சரியாக மேலே வந்து சேர்வார்கள். அன்றிலிருந்து அட்டவணையை மூடிவிட்டு டைம்டேபிளைப் பார்த்துத்தான் நோயைக் கண்டுபிடிக்கிறேன். கணக்கு சாரும் சளைத்தவர் இல்லை. போர்ஷன் முடியவில்லை என்று என் பீரியடைக் கடன் வாங்குவதில் அவருக்கு ஈடு கிடையாது. ஆக, அவர் என்னிடம் வாங்குவதைப் பிள்ளைகள் அவரிடமிருந்து வசூலித்துவிடுகிறார்கள்.

மலைக்கென்று தனி பௌதிகமும் இருக்கிறது. சேலம் கடல் மட்டத்திலிருந்து 280 மீட்டர்கூட இல்லை. ஏற்காடு சுமார் 1500 மீட்டர். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறுவதற்குள் பஸ்ஸில் பிள்ளைகள் வைத்திருக்கும் சிப்ஸ் பாக்கெட் உப்பிவிடுமே, பந்துக்கும் அதே கதிதான். உள்ளே இருக்க வேண்டிய அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 0.30 முதல் 0.325 கிலோ. சேலத்துக் கடையில் 0.30க்குக் காற்றடித்து வாங்கிவந்தால், மேலே வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்துவிடுவதால், குளிரைக் கழித்துக்கொண்டாலும் 0.40ஐ நெருங்கிவிடும். புதுப் பந்து வந்த அன்று ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் முழங்கை வரை சிவந்துபோய் வீட்டுக்குப் போவது இதனால்தான். காற்றின் அடர்த்தியும் சேலத்தைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு. பந்தைப் பிடித்து நிறுத்த வேண்டிய காற்றே மெலிந்திருக்கிறது. கீழே கோட்டில் விழ வேண்டிய சர்வீஸ் இங்கே கோட்டைத் தாண்டி விழும். தாண்டினால் என்ன இருக்கிறது என்பதைச் சொல்லிவிட்டேன்.

இப்படிப்பட்ட இடத்தில் பையன்களுக்கு ஜம்ப் சர்வீஸ் வேண்டுமாம். 1962ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் இந்தியா வெள்ளி வாங்கியது, 1986ல் சியோலில் வெண்கலம் வாங்கியது என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். ரீல்ஸில் வராதது அவர்களுக்கு வரலாறு இல்லை. பந்தை முன்னால் உயரத் தூக்கிப் போட்டு, ஓடிவந்து, எகிறி அடிக்கிற அந்த சர்வீஸை 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் பிரேசில்காரர்கள் ஆயுதமாக எடுத்து வெள்ளிப் பதக்கம் வரை போனார்கள். எங்கள் பையன்கள் ஓடிவருகிறார்கள், எகிறுகிறார்கள். அதற்குள் பந்து சரிவைப் பார்த்துக் கிளம்பிவிடுகிறது.

அதே பிரேசில் அணியில் பெர்னார்ட் என்று ஒருவர். அண்டர் ஆர்மில் பந்தைக் கூரை விளக்குகளை நோக்கி அடிப்பார். எதிரணி அண்ணாந்து கண்கூசி நிற்கும்போது அது செங்குத்தாக இறங்கும். அதற்கு ஸ்டார் ட்ரெக் சர்வீஸ் என்றே பெயர். எங்கள் ஏழாம் வகுப்பில் ஒரு பெண்ணுக்கு இது பிறவியிலேயே வந்திருக்கிறது. எவ்வளவு மெதுவாக அடிக்கச் சொன்னாலும் பந்து நேரே மேலே போகும். எங்களிடம் கூரையும் இல்லை விளக்கும் இல்லை, மூடுபனி இருக்கிறது. பனி இறங்கிய நாட்களில் அந்தப் பந்து மேலே போய்க் காணாமலே போய்விடும். எதிரணி ஆறு பேரும் தலையில் கை வைத்துக்கொண்டு திசைக்கொருவராக ஒதுங்குவார்கள். புத்தகப்படி அது திருத்த வேண்டிய தவறு. "கண்ணு, நீ இப்படியே அடி" என்று சொல்லிவிட்டேன்.

பந்துகள் நிரந்தரமாகத் தொலைவதும் உண்டு. ஸ்டாக் ரெஜிஸ்டரில் ‘பள்ளத்தில் விழுந்து காணவில்லை’ என்று எழுதி, தலைமையாசிரியரிடம் கையெழுத்து வாங்கிக் கணக்கை முடித்துவிடுவேன். காப்பிப் பழம் பறிக்கும் காலம் வரும்போதுதான் சிக்கல். வேலைக்கு வரும் அக்காமார்கள் செடிக்கடியில் கிடப்பதையெல்லாம் பொறுக்கிச் சாக்கில் போட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள். போன மார்கழியில் ஒரு அக்கா சாக்கைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, "சாரு, இந்த வருசம் உங்களுக்கும் நல்ல வெளைச்சல்" என்றார்.

தொலைந்ததாகக் கையெழுத்தான பந்தை ரெஜிஸ்டரில் எந்தக் கட்டத்தில் வரவு வைப்பது என்று தலைமையாசிரியர் வெகுநேரம் யோசித்தார். கடைசியில், கணக்கு சார் பார்த்துச் சொல்லட்டும் என்று ரெஜிஸ்டரை அவரிடம் அனுப்பிவிட்டார். அவர் வாங்கிப் புரட்டிப் பார்த்தார். இது நிதானமாக உட்கார்ந்து பார்க்க வேண்டிய விஷயம் என்று என் வெள்ளிக்கிழமை பீரியடைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.