சாட்டோடு களைப்பாறல்: வன்னிப் பெருநிலத்தின் ஓய்வுமுறைகள் குறித்த ஓர் ஆய்வு

மன அழுத்தம் குறைய எளிய வழிகள் என்று சஞ்சிகைகள் மாதாமாதம் அச்சிடும் அறிவுரைகளை மதவாச்சிக்கு வடக்கே கொண்டுவந்து சோதித்தால், முதலாவது அறிவுரையிலேயே ஆய்வு முட்டுப்படும். நாளுக்கு அரை மணித்தியாலம் எதுவும் செய்யாமல் அமைதியாக இருக்கவேண்டுமாம். வன்னியில் வளர்ந்த ஆள் ஒருவர் முற்றத்தில் எதுவும் செய்யாமல் அமைதியாக இருந்தால், ஐந்தாவது நிமிடத்தில் மனைவி வந்து நெற்றியைத் தொட்டுப் பார்ப்பார். பத்தாவது நிமிடத்தில் பக்கத்து வீட்டார் வேலிக்கு மேலால் எட்டி, "என்ன, அண்ணைக்கு ஏதும் சுகமில்லையோ?" என்பார். அரை மணித்தியாலம் நிறையுமுன் யாரோ ஒருவர் கோயிலில் நூல் வாங்கிக்கொண்டு வந்து கையில் கட்டிவிடுவார். தொடங்கும்போது இருந்ததைவிட அழுத்தம் கூடியிருக்கும்.

இதிலிருந்து இக்கட்டுரையின் கருதுகோள் பிறக்கிறது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மூன்று மாவட்டங்களிலும் களைப்பாறுவதற்கென்று எவரும் எங்கும் போவதில்லை. வேலையாகப் போகிறார்கள், போன இடத்தில் களைப்பு ஆறிவிடுகிறது. ஓய்வுக்கு அங்கே தேவைப்படுவது பாயுமல்ல, இசையுமல்ல, நல்ல சாட்டு ஒன்று. சாட்டு எவ்வளவு பொறுப்பானதாகத் தெரிகிறதோ, ஓய்வும் அவ்வளவு ஆழமாக அமைகிறது.

முறையியல் பற்றி ஒரு சொல். இத்துறையில் கேள்விக்கொத்து உதவாது. குளக்கட்டில் இருப்பவரிடம் போய் "ஓய்வெடுக்கிறீர்களா?" என்று கேட்டால், "சீச்சீ, கொஞ்சம் வேலை கிடக்கு" என்று எழும்பிச் சாரத்தைத் தட்டிக்கொண்டு போய்விடுவார். கேள்வி கேட்டதும் தரவு மறைந்துவிடும். எனவே ஆய்வாளரும் ஏதோ வேலையாக வந்தவர்போல் பக்கத்தில் இருந்து கவனிப்பதே ஒரே வழி.

சாட்டுகளில் தலையாயது தண்ணீர். "தண்ணி பாத்திட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுப்பவரை மறிக்க வன்னியில் எந்தச் சட்டமும் இல்லை. இரணைமடுவை எடுத்துக்கொள்வோம். கனகராயன் ஆற்றை மறித்து 1902இல் தொடங்கிய கட்டுமானம் 1920களின் தொடக்கம்வரை நீண்டது. வடமாகாணத்தின் மிகப் பெரிய குளம் அது. அண்மைய புனரமைப்பின் பின் அதன் முழு நீர்மட்டம் 34 அடியிலிருந்து 36 அடியாயிற்று. பொறியியலாளர்கள் அதை நெல்லுக்காகக் கட்டினார்கள் என்பதே ஆவணங்களின் கூற்று. கனகாம்பிகை அம்மன் கோயில் பக்கமாகக் கட்டில் ஏறி ஒரு பின்னேரம் இருந்து பார்த்தால், அது ஆவணங்களுக்கு எட்டாத வேறொரு பயிரையும் விளைவிப்பது தெரியும்.

சாட்டு முழுப் பொய்யல்ல என்பதுதான் அதன் வலிமை. காலபோகம் முடிந்தபின் குளத்தில் எத்தனை அடி நிற்கிறதோ அதைப் பார்த்துத்தான் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் விதைப்பது என்று கூட்டம் வைத்து முடிவெடுக்கிறார்கள். ஓர் அடி கூடினால் ஒரு வீட்டின் கடன் அடைபடலாம். ஓர் அடி குறைந்தால் பிள்ளையின் ரியூசன் காசு அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகலாம். ஆகவே "எத்தினை அடியாம்?" என்பது வன்னியில் நலம் விசாரிக்கும் வாக்கியமும் பொருளாதார வினாவும் ஒருசேர. 2018 மார்கழியில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் மிதந்தபோது, தண்ணீர் பார்க்கப் போவது விளையாட்டல்ல என்று சொல்லிவந்தவர்கள் எல்லோரும் ஒரே இரவில் தீர்க்கதரிசிகளானார்கள்.

ஆனால் அளவுகோலை வாசிக்கக் கால் நிமிடம் போதும். போனவர் திரும்பி வர ஒன்றரை மணித்தியாலம் ஆகிறது. மீதி நேரம் எங்கே போகிறது என்பதே இவ்வாய்வின் மையக் கேள்வி.

அவர் முதலில் துருசடிக்குப் போகிறார். துருசு துருசாகவே இருக்கிறது. பிறகு கட்டில் ஏறி அலைகரைப் பக்கம் காலைத் தொங்கப்போட்டு இருக்கிறார். நீர்க்காகம் ஒன்று தாழ்ந்து, வேறோர் இடத்தில் எழுகிறது. இன்னொருவர் வந்து, வணக்கம் சொல்லாமல், பக்கத்தில் இருந்து, அதே தண்ணீரைப் பார்க்கிறார். கச்சான் சரை ஒன்று கைமாறுகிறது. பசளை விலை, நெல்லுக்குச் சொல்லும் விலை, கனடாவில் இருப்பவருடைய வீட்டுக்குப் போட்ட புது மதில் ஆகியவை ஒரு வசனம் ஒரு வசனமாக, நடுவே நீண்ட இடைவெளி விட்டு, பேசப்படுகின்றன. எந்தப் பிரச்சினையும் தீர்க்கப்படுவதில்லை. அமெரிக்க உளவியலாளர்களான ரேச்சல் கப்லானும் ஸ்டீபன் கப்லானும் 1989இல் வெளியிட்ட நூலில் இதற்கு விளக்கம் இருக்கிறது. கவனத்தைப் பறித்துக்கொள்ளாமல் மெல்லப் பிடித்துவைத்திருக்கும் காட்சிகள், அதாவது அசையும் நீர், நகரும் முகில், ஆடும் இலை போன்றவை, வேலையால் களைத்த மனத்தைத் திரும்ப நிமிர்த்துகின்றன என்பது அவர்கள் கொள்கை. இருவரும் கச்சானைக் கணக்கில் எடுக்கவில்லை. இது அக்கொள்கையின் பெருங்குறை.

வான் பாயும் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து வானில் வந்து இறங்கிப் படம் எடுத்து ஆரவாரிக்கும் கூட்டத்தை இந்த ஆய்விலிருந்து விலக்கவேண்டியிருக்கிறது. அவர்கள் சாட்டே இல்லாமல், வெளிப்படையாக, வெட்கமின்றி ஓய்வெடுக்கிறார்கள். தன் ஊரைவிட்டு நாற்பது மைல் தள்ளி வந்தால் எவரும் எதுவும் செய்யாமல் இருக்கலாம் என்ற துணைவிதியையே அவர்கள் நிறுவுகிறார்கள்.

அண்மைக்காலத்தில் இந்தச் சாட்டுக்கு ஒரு தொழில்நுட்ப நெருக்கடி வந்தது. குளங்களின் நீர்மட்டம் இப்போது கைப்பேசிக்கே வந்துவிடுகிறது. "போனிலயே கிடக்குதே, பிறகேன் போறியள்?" என்று வீடுகளில் கேட்கத் தொடங்கினார்கள். கமக்காரர் தரப்பு ஒரு வாரம்கூடத் தடுமாறியிருக்காது. "அது காலமை எடுத்த அளவு" என்ற மறுமொழி இன்று மூன்று மாவட்டங்களிலும் செல்லுபடியாகிறது.

இரண்டாவது சாட்டு, காவல். சிகாகோ மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1929இல் ஒரு தளர்வுப் பயிற்சியை நூலாக்கி வெளியிட்டார். ஒரு தசையை இறுக்கு, பிறகு விடு, விட்டபின் வரும் தளர்வை உணர். இப்படியே உடம்பு முழுக்கச் செய். உலகம் இன்றும் அதைக் காசு கொடுத்துக் கற்கிறது. வன்னிக் கமக்காரர் முதற்பாதியை விடியப்புறமே மண்வெட்டியோடு தொடங்கிவிடுகிறார். தோள், முழங்கை, இடுப்பு, பின்தொடை என்று ஜேக்கப்சன் சொன்ன எதையும் அவர் விட்டுவைப்பதில்லை. மத்தியானம்வரை இறுக்குவது ஒன்றே வேலை. இரண்டாம் பாதிக்குத்தான் சாட்டு வேண்டும். அறுவடைக் காலத்தில் அது தானாகவே வந்து சேர்கிறது: முற்றத்தில் படங்கு விரித்து நெல் காயப்போட்டிருக்கிறது, கோழி வராமல் யாராவது பார்க்கவேண்டும். வேப்பமரத்தடியில் சாக்குக் கட்டிலைப் போட்டு, நீளத் தடி ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, அவர் காவலுக்குப் படுக்கிறார். தடியின் மறுமுனை படங்கின் நடுவில் கிடக்கும். கண் மூடியபின்னும் கை தடியை விடாது. இடையிடையே ஒருதரம் தட்டும். இந்தக் காவலின் உண்மைநிலை கோழிகளுக்குத் தெரியும்.

எழும்பியதும் தேத்தண்ணி. இதற்குச் சாட்டே வேண்டியதில்லை. வந்தவருக்குப் போட்டதில் மிச்சம் என்றால் முடிந்தது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் அன்ட்ரூ ஸ்டெப்டோவும் சகாக்களும் 75 ஆண்களைக் கொண்டு செய்த பரிசோதனை 2007இல் அச்சானது. ஒரு பாதியினருக்கு ஆறு கிழமை, நாளுக்கு நான்கு கோப்பை கறுப்புத் தேநீர். மறுபாதியினருக்கு அதே கஃபீன் கொண்ட போலிப் பானம். பிறகு எல்லோரையும் வேண்டுமென்றே பதற்றப்படுத்தினார்கள். வேலை போகப்போகிறது என்றார்கள், கடையில் களவெடுத்தாய் என்றார்கள். ஐம்பது நிமிடங்களுக்குப் பின் அழுத்தச் சுரப்பான கோர்ட்டிசோல் தேநீர்க்காரரில் 47 வீதம் இறங்கியிருந்தது. மற்றவரில் 27 வீதம். கவனிக்கவேண்டியது என்னவென்றால், தேநீர் பதற்றம் வராமல் தடுக்கவில்லை. வந்ததை விரைவாக இறக்கியது, அவ்வளவே. பரந்தன் சந்திக் கடையில் வங்கிக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பனங்கட்டியைக் கடித்துக் கடித்துப் பிளேன்ரீ குடிப்பவர் இதைவிட அதிகமாக எதையும் அதனிடம் எதிர்பார்ப்பதில்லை.

இதுவரை சொன்னவை பெரும்பாலும் ஆண்களின் முறைகள் என்ற ஆட்சேபம் நியாயமானது. பெண்களுக்குக் குளக்கட்டு அவ்வளவு இலகுவாக வாய்ப்பதில்லை. அவர்களிடம் இருப்பது அதைவிடத் தொன்மையான ஒன்று: பேன் பார்த்தல்.

பின்னேரம் நாலு மணி வெயில் சரிந்ததும் படலைக்கு உள்ளே, வாசற்படியில், ஒருவருக்குப் பின் ஒருவராக மூன்று தலைமுறை வரிசை அமையும். முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளை, பின்னால் தாய், அவருக்குப் பின்னால் அம்மம்மா. பிள்ளையைத் தவிர மற்றவர்கள் தலைகளில் பேன் உண்டா என்பது இங்கே பொருளல்ல. பேன்சீப்பு இழுபடும், விரல்கள் மயிரைப் பிரித்துப் பிரித்துப் போகும், இருநகங்களுக்கிடையே "டிக்" என்ற சிறு ஒலி அவ்வப்போது எழும். அந்த ஒலிக்கு வரிசை முழுவதும் ஒருவிதத் திருப்தி பரவும். கலியாணப் பேச்சு, மாமியாரின் குணம், சமுர்த்திக் கூட்டத்தில் யார் என்ன சொன்னார் என்பவை முன்னால் இருப்பவரின் உச்சந்தலையை நோக்கியே சொல்லப்படுவதால், எவரும் எவர் முகத்தையும் பார்க்கவேண்டியதில்லை. பார்த்தால் சொல்லமுடியாத பல விடயங்கள் இப்படித்தான் வெளியே வருகின்றன. காசு வாங்கும் உளவளத்துணையாளர்கள் இந்த இருக்கை ஒழுங்கைக் கவனிக்கலாம்.

அறிவியல் ஆதாரமும் வலுவானது. ஜிப்ரால்டரில் வாழும் பார்பரிக் குரங்குகளின் பெண்களை ஆராய்ந்து 2007இல் வெளியான ஓர் ஆய்வு, எதிர்பாராத முடிவொன்றைத் தந்தது. தலை கொடுத்த குரங்குக்கல்ல, அடிக்கடி பேன் பார்த்த குரங்குக்கே அழுத்தச் சுரப்புகள் குறைவாக இருந்தன. அம்மம்மா தலைகாட்ட மறுக்கும் பேத்தியை ஓடிப் பிடித்து இழுத்து இருத்துவது பேத்தியின் நலத்துக்காகத்தான் என்று இதுவரை நம்பப்பட்டது. அந்த நம்பிக்கை மறுபரிசீலனைக்குரியது.

இனி வருவதை அடிக்குறிப்பாக வைக்கமுடியாது. இந்த மண்ணில் களைப்பு என்பது பசளை விலையோடு நிற்பதல்ல. 2008 கடைசியில் கிளிநொச்சி ஆளில்லாமல் போனது; 2009 மேயில் மக்கள் பெருந்திரளாகக் கடந்த வட்டுவாகல் பாலத்தடியில் இப்போது வீச்சுவலையோடு ஆட்கள் நிற்கிறார்கள். இறால் பிடிக்கத்தான் நிற்கிறார்கள். அவர்களிடம் இந்த ஆய்வு எதுவும் கேட்கவில்லை. போர்க்காலத்தில் வடக்கில் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், நோய் தனியாளில் மட்டுமல்ல, சமூகத்தின் இழைகளிலும் இருக்கிறது என்று எழுதியவர். 2014இல் அவருடைய நூல் அந்தக் கூட்டுவடுவைப் பற்றியே வந்தது. தளர்வுப் பயிற்சி கற்பிக்கும்போது மேல்நாட்டுச் சொற்களை விட்டுவிட்டு, சைவருக்கு ஓம், கத்தோலிக்கருக்குச் செபம், முஸ்லிம்களுக்குத் தஸ்பீஹ் என்று அவரவர் பழகிய சொல்லையே மூச்சோடு சொல்லவைப்பதை அவர் வலியுறுத்தினார். வாய்க்குப் பழகியதே மனத்துக்கும் இறங்கும் என்பதால்தான் அது. நித்திரை வராத இரவுகளுக்கு வைத்தியசாலையும் வேண்டும், குளக்கட்டு மட்டும் போதாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடவேண்டும்.

செத்தவீட்டில் 304 விளையாடுவதைப் பார்த்து முகம் சுழிக்கும் வெளியூர்க்காரருக்கும் இந்த இடத்தில்தான் பதில் இருக்கிறது. இரவு முழுக்க யாராவது முழித்திருக்கவேண்டும், அதுவே சாட்டு. நாலு பேர், இரண்டு பக்கம், 32 கடுதாசி. ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. ஓர் இனத்துக்கு 76, நாலு இனத்துக்கும் சேர்த்து 304. ஒன்பதாம் இலக்கம் ராசாவைப்போல் கிட்டத்தட்ட ஏழு மடங்கு பெறுமதி கொள்ளும் இந்த ஒழுங்கு, ஐரோப்பாவின் யாஸ் ஆட்டக் குடும்பத்திலிருந்து வந்ததாகச் சீட்டாட்ட வரலாற்றாளர் கருதுகிறார்கள். கேள்வி 160இல் தொடங்கும். துரும்பு கவிழ்த்து வைக்கப்படும். பந்தலுக்குள் அழுகை ஏறி இறங்கும்போது, மேசையில் இருப்பவர் போன கடுதாசிகளை மனத்தில் வைத்துக்கொண்டு, எதிராளியின் கையில் என்ன மிச்சம் என்று கணக்குப் பார்த்தபடி இருப்பார். துக்கத்துக்கு அந்தக் கணக்கின் நடுவே புக இடம் கிடைப்பதில்லை. அதற்கும் கொஞ்சம் களைப்பாற வேண்டியிருக்கிறது போலும். வீட்டுக்காரரின் தம்பியே நாலாவது ஆளாக இருந்து, பிழையான கடுதாசியைப் போட்டு, கூட்டாளியிடம் ஏச்சு வாங்குவதைப் பார்த்தால், அந்த வீட்டுக்கு அடுத்த நாள் ஒன்று இருக்கிறது என்று தெரியும்.

முடிவில் பரிந்துரைகள் இல்லாவிட்டால் ஆய்வுக்கு மதிப்பில்லை. பெண்கள் தொடர்பில் அரசு எதுவும் செய்யவேண்டியதில்லை. பள்ளிக்கூடங்கள் பேனைத் தவறாமல் வழங்கிவருகின்றன. ஆண்கள் தொடர்பில் ஓர் எச்சரிக்கை. குளக்கரைகளை அழகுபடுத்தும் திட்டக்காரர்கள் மருத மரத்தடியில் சீமெந்து வாங்கு கட்டி, மக்கள் வந்து ஓய்வெடுப்பார்கள் என்று காத்திருப்பது வீண்வேலை. வாங்கில் இருப்பவர் ஓய்வெடுக்கிறார் என்பது தூரத்திலேயே தெரிந்துவிடும். மானமுள்ள எவரும் அதில் இருக்கமாட்டார். ஒவ்வொரு வாங்குக்கு முன்னாலும் அடிக்கணக்கு எழுதிய அளவுகோல் ஒன்றை நட்டுவிடவேண்டும். அது தண்ணீரைத் தொடாவிட்டாலும் பாதகமில்லை.