பெல்ட் மாமா

“ஒன்பது அவுன்ஸ் போதும் தம்பி, பத்தெண்டால் கூடிப்போகும்” என்று மாமா தொலைபேசியில் சொன்னது மாமியின் காதில் விழுந்தது. பென்சன் எடுத்த கையோடு மனிசன் குடிக்கப் பழகிவிட்டார் என்று மாமி முடிவுகட்டிவிட்டார். தோலின் தடிப்பையும் அவுன்ஸில் சொல்வார்கள், ஓர் அவுன்ஸ் ஏறக்குறைய 0.4 மில்லிமீற்றர், நல்ல பெல்ட்டுக்கு எட்டிலிருந்து பத்து அவுன்ஸ் வேண்டும் என்பதெல்லாம் பிறகுதான் விளங்கியது. குடித்திருந்தால் செலவாவது குறைந்திருக்கும் என்பது மாமியின் இன்றைய நிலைப்பாடு.

திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றியுள்ள ஒழுங்கைகளில் இப்படி ஒரு பெல்ட் மாமாவை நீங்களும் சந்திக்கலாம். உவர்மலையில் இல்லாவிட்டால் உட்துறைமுக வீதியில் இருப்பார். சீனக்குடாப் பக்கம் எங்கோ கணக்கெழுதி ஓய்வுபெற்றவர். தகப்பனார் பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். 1957 இல் வெள்ளைக்காரன் தளத்தைக் கையளித்துவிட்டுக் கப்பலேறியபோது அந்த வீட்டுக்கு மிஞ்சியது பித்தளைப் பக்கிள் வைத்த ஒரு தோல் பெல்ட். வருகிறவர்கள் தேத்தண்ணி குடிக்க முன்னம் அதை வளைத்துப் பார்க்கவேண்டும், மணந்து பார்க்கவேண்டும். “உங்கட கடைப் பெல்ட் ரெண்டு மாரி தாங்குமோ?” என்று கேட்பார். நாங்கள் சட்டையை இழுத்து இடுப்பை மூடிக்கொள்வோம். செத்தவீட்டில்கூட மாமாவின் பார்வை யாருடைய முகத்திலும் நிற்பதில்லை, எல்லோருடைய இடுப்பிலும்தான் மேயும்.

பெல்ட்டோடு நின்றிருந்தால் ஊர் தப்பியிருக்கும். துப்பாக்கி உறை செய்ய ஆசை வந்ததுதான் வினை. அதற்கு ஒரு சரித்திரப் பாடமும் உண்டு. சாம் பிரவுண் என்ற வெள்ளைக்கார அதிகாரி 1858 இல் சிப்பாய்க் கலகத்தின்போது இடக்கையை இழந்தார். மிஞ்சிய ஒற்றைக் கையால் வாளை உருவப் போனால் உறையும் சேர்ந்து ஆடும், பிடிக்க மறுகை இல்லை. அதனால் தோளுக்குக் குறுக்கே ஒரு வாரைப் போட்டு இடுப்புப் பட்டியை இறுக்கினார், கைத்துப்பாக்கி உறையையும் அதிலேயே மாட்டினார். இன்றைக்கும் பொலிஸ் அதிகாரிகள் அணிவகுப்பில் போடுவது அந்தப் பெல்ட்டின் வழிவந்ததுதான். இதைச் சொல்லி முடிக்கும்போது மாமா தன் இடக்கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நிற்பார்.

உறை செய்ய உள்ளே வைக்க ஒரு துப்பாக்கி வேண்டும். தோலை நனைத்து, அதன்மேல் அழுத்தி, விளிம்புகளை விரலால் நீவிக் காயவிட்டால் அந்த வடிவத்திலேயே இறுகிவிடும். மரப்பட்டையில் பதனிட்ட தோலுக்குத்தான் இந்தக் குணம், குரோமில் பதனிட்டது காய்ந்ததும் பழையபடி தொளதொளத்துவிடும். இந்த ஊரில் துப்பாக்கிக்கு எங்கே போவது? கோயில் திருவிழாக் கடையில் பேரனுக்கு வாங்கிய பிளாஸ்ரிக் துப்பாக்கிதான் அச்சாக அமைந்தது. ராத்திரி முழுக்க நனைந்து, காலையில் உறை மதில்மேல் வெயில் காய்ந்தது. இத்தனை சோதனைச் சாவடிகளைக் கண்ட ஊரில், ரோட்டுக்கு முகம் பார்த்தபடி! மாமி ஓடிவந்து துவாயால் மூடினார். அந்த உறையில் இப்போது பாக்குவெட்டி குடியிருக்கிறது. மாமா அதை இடுப்பிலிருந்து உருவும் வேகத்தைப் பார்த்தால் ஒரு சீவலுக்கு இது மிகை என்று தோன்றும்.

தோல் சென்னைப் பெரியமேட்டிலிருந்து வருகிறது. கலியாணச் சேலை எடுக்கப் போகிறவர்களிடம் தோல் வாங்கச் சொல்லிவிடுவார். காஞ்சிபுரம் பட்டும் மாட்டுத்தோலும் ஒரே பெட்டியில் திரும்பி வந்த நாளிலிருந்து ஒரு குடும்பம் அவரோடு கதைப்பதில்லை. வந்த தோலையும் கார்த்திகை மழை விடாது. ஒரு கிழமை திறக்காமல் வைத்தால் பச்சையாய்ப் பூஞ்சணம் பிடித்துவிடும். இரும்புப் பக்கிளைக் கடற்காற்றுத் தின்றுவிடும் என்று பித்தளைதான் போடுகிறார்.

தையல் சேணத் தையல். ஒரே நூலின் இரண்டு நுனியிலும் ஊசி, ஒரே துளைக்குள் இரண்டு பக்கமிருந்தும் போகவேண்டும். மெஷின் தையலில் ஒரு கண்ணி அறுந்தால் மற்றதும் கழன்றுகொண்டே போகும், இது போகாது. அங்குலத்துக்கு ஆறு என்றால் நாற்பது அங்குலப் பெல்ட்டின் இரு விளிம்புக்கும் 480 தையல். நூறைத் தாண்டியதும் மாமாவின் மூக்குக்கண்ணாடியில் பிழை வந்துவிடும். அப்போது பெல்ட்டைப் பழைய பேப்பரில் சுற்றிக்கொண்டு, இருட்டுப்பட்டதும் பஸ் நிலையப் பக்கம் போவார். அங்கே செருப்புத் தைக்கிறவர் நூலைத் தடவிப் பார்த்து, “ஐயா, மெழுகு கூடிப்போச்சு” என்பார். கொக்கி ஊசியை எடுப்பார், ஒரு பிளேன்ரீ ஆற முன்னம் வேலை முடியும்.

இருட்டில் ஏன் போகிறார் என்று யாரும் கேட்பதில்லை. அந்த மனிசனை விறாந்தைக்குமேல் ஏறவிடாத வீடுகள்தான் எங்களுடையவை. அதே ஊசியும் நூலும் கனடாவிலிருந்து மச்சான் அனுப்பிய பெட்டிக்குள் வந்து இறங்கியதும் கைவினை என்று பெயராகி வரவேற்பறையில் குந்திவிட்டன. மாமா யூடியூப்பில் மூன்று வருசமாகப் படிப்பது பஸ் நிலையத்துக்காரருக்குப் பத்து வயதிலேயே தெரியும். வகுப்பெடுக்க அவரைக் கூப்பிட்டிருக்கலாம்.

மாமா காசு வாங்கமாட்டார், அதுதான் சிக்கல். இனாமாய் வருவதை எப்படி மறுப்பது? துளை ஐந்து போடுவார், உங்களுக்குச் சரியான அளவு நடுத்துளை. தைப்பொங்கலுக்கு அளவெடுத்தால் தீபாவளிக்குக் கையில் கிடைக்கும். அதற்குள் நீங்கள் ஐந்தாம் துளையையும் கடந்திருப்பீர்கள். ஆறாவது துளை கேட்டால், “பெல்ட் சரி தம்பி, வயித்தைத்தான் பாக்கோணும்” என்பார்.

ஆகவே, மாமா நாடாவோடு உங்கள் பக்கம் வந்தால் இடுப்பளவை ஈரங்குலம் கூட்டிச் சொல்லுங்கள். அளவுக்கென்று கழற்றிக் கொடுக்கும் பழைய பெல்ட்டைக் கையோடு திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். தீபாவளி வரைக்கும் காற்சட்டை நிற்கவேண்டுமே.