மைக் இல்லை, நாற்காலி இல்லை, கூட்டம் உண்டு

ஹூஸ்டன்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

சித்திக்கு முட்டிவலி தேவலையா? தைலம் இன்னொரு பாட்டில் வாங்கி வைத்திருக்கிறேன். ஊருக்கு வருகிறவர் யாராவது பெட்டியில் இடம் இருக்கிறது என்று வாய் தவறிச் சொன்னால் அவர் தலையில் கட்டிவிடுகிறேன்.

போனில் பேசும்போதெல்லாம், "அந்த ஊரில் கடை கடையாகச் சுற்றுவதைத் தவிர உருப்படியாக எதையாவது பார்த்தாயா?" என்று கேட்பீர்களே, இப்போது பார்த்துவிட்டேன். மூன்று நாள் விடுமுறை வந்தது. காரை எடுத்துக்கொண்டு நியூ ஆர்லியன்ஸ் போனோம். இங்கிருந்து சுமார் 560 கி.மீ. வழியில் அட்சஃபலாயா என்ற சதுப்புநிலத்தின் மேல் ஒரு பாலம், அது மட்டுமே 29 கி.மீ. நீளம். உங்கள் மருமகள் பாலத்தின் தொடக்கத்தில் தூங்கி, முடிவில் எழுந்து, "இன்னுமா பாலம்?" என்றாள்.

நியூ ஆர்லியன்ஸ், ஜாஸ் பிறந்த ஊர். லூயி ஆம்ஸ்ட்ராங் 1901-ல் பிறந்ததும் இங்கேதான். அதனால் சாயங்காலமானால் வாசலுக்கு வாசல் டிரம்பெட் சத்தம். தெருவில் மதுவோடு நடப்பதற்கும் சட்டம் அனுமதிக்கிறது. பிளாஸ்டிக் கோப்பையில் இருந்தால் சரி, கண்ணாடியில் இருந்தால் குற்றம். அதாவது மனிதன் விழலாம், கண்ணாடி விழக் கூடாது. சித்தியிடம் இந்தப் பத்தியைப் படித்துக் காட்ட வேண்டாம். அவருக்காக வேறு செய்தி வைத்திருக்கிறேன்: இந்த ஊர் காபியில் சிக்கரி கலப்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். அங்கே காபிப்பொடிக் கடைக்காரரோடு சிக்கரிக்காக நடக்கும் சண்டையை இனி நிறுத்திக்கொள்ளலாம்.

நாங்கள் தேடிப் போனது செயின்ட் பீட்டர் தெருவில் இருக்கும் பிரிசர்வேஷன் ஹால். பெயரைக் கேட்டு மாளிகை என்று நினைத்துவிடாதீர்கள். காரை பெயர்ந்த பழைய வீடு. வாசலில் வாத்தியப் பெட்டிகள் தொங்குகின்றன, அவற்றின் மேல் எழுதியிருப்பதுதான் பெயர்ப்பலகை. வெளியே நடைபாதையில் நீண்ட வரிசை. டிக்கெட் விலையை டாலரில் வேண்டுமானால் நேரில் சொல்கிறேன். ரூபாய்க்கு மாற்றினால் நமக்குள் மனஸ்தாபம் வரும்.

கொடுத்த காசுக்கு என்னென்ன கிடையாது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மது கிடையாது, சாப்பாடு கிடையாது, மைக் கிடையாது. ஆளுக்கொரு நாற்காலியும் கிடையாது. முன்னால் தரையில் சில மெத்தைகள், அதன் பின்னால் சில பெஞ்சுகள், மீதிப் பேர் நிற்க வேண்டும். வாசிக்கும்போது படம் எடுக்கக் கூடாது. முக்கால் மணி நேரத்தில் கச்சேரி முடிந்துவிடும், அடுத்த வரிசை வெளியே காத்திருக்கிறது. பந்தியில் உட்கார்ந்து வளர்ந்த எனக்குத் தரை பிரச்சினையே இல்லை. பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரத் தாத்தாதான் கால்களை எங்கே வைப்பது என்று தெரியாமல் முதல் பாட்டு முழுக்க அவற்றை இடம் மாற்றிக்கொண்டே இருந்தார்.

ஆனால் வாசிப்பு! டிரம்பெட் பாட்டை நேராகச் சொல்கிறது. கிளாரினெட் அதன் மேலே கொடிபோல் சுற்றி ஓடுகிறது. டிராம்போன் அடியிலிருந்து உறுமிக்கொண்டு வந்து சேருகிறது. மூன்று பேரும் ஒரே நேரத்தில் தங்கள் கற்பனையை வாசிக்கிறார்கள். யாரும் யாருக்கும் வழிவிட்டதாகத் தெரியவில்லை, யாரும் யாரையும் இடிக்கவும் இல்லை. என் கை தானாகத் தொடையில் ஆதி தாளம் போட ஆரம்பித்தது. விரல் எண்ணுவதைப் பார்த்த தாத்தா, ஏதோ கணக்குப் பார்க்கிறேன் என்று நினைத்து, "விடுமுறையில்கூடவா?" என்று கேட்டார். இங்கே நாலு எண்ணிக்கையில் இரண்டிலும் நாலிலும் தட்ட வேண்டுமாம். நமக்கு ஒன்றில் தட்டாவிட்டால் தூக்கம் வராதே!

நேயர் விருப்பமும் உண்டு. அந்தக் காலத்தில் சுவரில் ஒரு விலைப்பட்டியலே மாட்டியிருந்தார்கள்: பழைய பாட்டு கேட்டால் 1 டாலர், மற்றவை 2 டாலர், 'செயின்ட்ஸ்' மட்டும் 5 டாலர். 'வென் தி செயின்ட்ஸ் கோ மார்ச்சிங் இன்' என்ற அந்தப் பாட்டை வருகிறவர்கள் எல்லாரும் கேட்டுக் கேட்டு வித்வான்களுக்கு அலுத்துப்போனதால் போட்ட அபராதம் அது. அந்த ஊரில் சாவுக்கும் பாண்டு வாத்தியம் உண்டு. கல்லறைக்குப் போகும்போது நிதானமான துதிப்பாடல், திரும்பி வரும்போது தெருவே ஆடும் துள்ளல். இந்தப் பாட்டும் அந்த ஊர்வலத்தில் ஒலிப்பதுதான்.

இந்த இடம் உருவான கதை உங்களுக்குப் பிடிக்கும். 1950-களில் இங்கே லாரி போரன்ஸ்டைன் என்பவர் ஓவியக் கடை வைத்திருந்தார். கடையைப் பூட்டிவிட்டுக் கச்சேரிக்குப் போக முடியவில்லை, அதனால் வித்வான்களைக் கடைக்கே வரவழைத்தார். அதற்கு 'ஒத்திகை' என்று பெயர், கேட்கிறவர்கள் போடும் காசுதான் சன்மானம். பிலடெல்பியாவிலிருந்து தேனிலவுப் பயணமாக வந்த ஆலன் ஜாஃபி, சாண்ட்ரா தம்பதி அதைக் கேட்டு மயங்கி ஊரிலேயே தங்கிவிட்டார்கள். 1961-ல் ஹாலை நடத்தும் பொறுப்பு அவர்களிடம் வந்தது. வாசலில் கூடையோடு சாண்ட்ரா காசு வாங்குவார், ஆலன் டியூபா வாசிப்பார். 1987-ல் ஆலன் காலமானார். இப்போது மகன் பென் நடத்துகிறார்.

ஹால் தொடங்கியபோது ராக் அண்ட் ரோல் வந்து, பழைய ஜாஸ் வித்வான்களைக் கேட்க ஆளில்லாத நேரம். கறுப்பரையும் வெள்ளையரையும் பிரித்து வைக்கத் தெற்கு மாநிலங்கள் சட்டமே போட்டிருந்த காலமும் அதுதான். இந்தச் சிறிய கூடத்தில் இரு நிறத்தாரும் சேர்ந்து உட்கார்ந்து கேட்டார்கள். அறுபது, எழுபது வயதுக் கிழவர்களுக்கு இரவுதோறும் வேலை கிடைத்தது. எம்மா பாரெட் என்ற பியானோ கலைஞர் காலில் மணி கட்டிக்கொண்டு வாசிப்பாராம். 1967-ல் பக்கவாதத்தில் இடப்பக்கம் விழுந்துவிட்டது. அவரோ வலது கையால் மட்டும் வாசித்துக்கொண்டே 1983-ல் இறக்கும்வரை காலம் தள்ளினார். 2006-ல் அமெரிக்க அரசு இந்த ஹாலின் ஜாஸ் குழுவுக்குத் தேசியக் கலைப் பதக்கம் கொடுத்தது.

சித்தப்பா, நான் சொல்ல வந்தது இதுதான். அவர்கள் பழைய வாத்தியங்களைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டி வைக்கவில்லை. வாசிக்கிறவருக்கு ஒரு கூடம், தினமும் ஒரு வேளை, கையில் கூலி, இவ்வளவுதான் கொடுத்தார்கள். நம் கோயிலில் தீபாராதனைக்குச் சுவிட்சைத் தட்டினால் மின்சார மேளமும் மணியும் தானாக அடிக்கின்றன. நாயனக்காரர் கல்யாண சீசனுக்காகக் காத்திருக்கிறார். நீங்கள் திருப்பணிக் கமிட்டியில் இருக்கிறீர்கள். அடுத்த கூட்டத்தில் அந்த மெஷினின் பிளக்கைப் பிடுங்கச் சொல்லுங்கள். சாயரட்சைக்கு அவரையும் தவில்காரரையும் மாதச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஆறு மாதச் சம்பளத்தை நான் அனுப்புகிறேன். இதை மட்டும் தாராளமாக ரூபாயில் கணக்குப் போட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்