ஒரே ஒரு நம்பர் பாக்கி

தம்போலாவில் ஜெயிப்பது எப்படி என்று புத்தகமே போட்டிருக்கிறார்கள். ஜெயித்ததை என்ன செய்வது என்று டிக்கெட் வாங்கும்போதே யோசித்து வைப்பவரைக் காண்பது அரிது. இது தலைகீழ் ஏற்பாடு என்பது என் கட்சி. எண் கூப்பிடும் நேரத்தில் ஆடுபவர் செய்யக்கூடியது காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது மட்டுமே. பரிசு கைக்கு வந்த பிறகோ செய்வதற்கு ஆயிரம் இருக்கிறது. ஆனால் ஒன்றுமே செய்ய முடியாத இடத்தில்தான் நாம் மும்முரமாகத் திட்டம் போடுவோம். எல்லாம் நம் கையில் இருக்கும் இடத்தில் ‘பார்த்துக்கலாம்’ என்று காலை நீட்டிவிடுவோம்.

முதலில் ஆட்டத்தைப் பார்ப்போம். தம்போலா என்கிற ஹவுஸியின் டிக்கெட்டில் மூன்று வரிசை, வரிசைக்கு ஐந்து எண், ஆக 15. பையில் இருப்பவை 1 முதல் 90 வரை. எந்த எண் வரும் என்பது பைக்கே தெரியாது. தனியாக ஒரே ஒரு டிக்கெட்டை வைத்துக்கொண்டு ஆடினால் அது நிரம்பச் சராசரியாக 85 எண்கள் கூப்பிட வேண்டியிருக்கும். 45 எண்களுக்குள்ளேயே அது நிரம்பும் வாய்ப்பு 1,33,000-இல் ஒன்று. ஆனால் அபார்ட்மென்ட் மாடியில் நூறு டிக்கெட் விற்றிருந்தால் கதை வேறு. பெரும்பாலும் 65, 70 எண்களுக்குள் யாராவது ‘ஃபுல் ஹவுஸ்’ என்று கத்திவிடுவார். அந்தக் கணத்தில் ஒரே ஒரு எண் பாக்கியோடு மூன்று நான்கு பேர் உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு எண் பாக்கி உள்ளவர்கள் ஒரு டஜன் இருப்பார்கள். உத்திகள் பிறப்பது இங்கேதான். ஜெயித்தவர் ஒருவர், ஜெயித்திருக்க வேண்டியவர்கள் பதினைந்து பேர். அந்தப் பதினைந்து பேரும் அடுத்த ஆட்டத்துக்கு இடத்தை மாற்றுவார்கள், பேனாவை மாற்றுவார்கள், குழந்தையை விட்டு டிக்கெட் எடுக்கச் சொல்வார்கள். மயிரிழையில் தவறியது என்று அவர்கள் நினைப்பது உண்மையில் கணக்குப்படி நடந்தே தீர வேண்டிய நெரிசல்.

படித்தவர்களும் இந்த ஆட்டத்தைத் தவறாகப் புரிந்துகொண்டார்கள் என்பதில் நமக்கு ஓர் ஆறுதல் உண்டு. இதே ஆட்டத்தின் அமெரிக்க வடிவமான பிங்கோவில் 75 எண்கள். ஐந்துக்கு ஐந்து கட்டம், நடுக்கட்டம் இலவசம். அங்கே ஜோசஃப் கிரான்வில் என்ற பங்குச் சந்தை ஆருடக்காரர் 1977-இல் பிங்கோவில் ஜெயிப்பது எப்படி என்றே ஒரு புத்தகம் எழுதினார். வருகிற எண்களில் ஒற்றைப்படையும் இரட்டைப்படையும் சமமாக இருக்கும், பெரியதும் சிறியதும் சமமாக இருக்கும், ஆகவே அப்படிக் கலந்திருக்கும் அட்டையாகப் பார்த்து எடுங்கள் என்பது அவர் உபதேசம். முன்பாதி ஏறக்குறைய சரி. ஆனால் பையிலிருந்து வருபவை கலந்து வரும் என்பதால், உங்கள் அட்டையில் கலந்து இருப்பவைதான் வரும் என்று ஆகாது. குறிப்பிட்ட 24 எண்களின் எந்தத் தொகுப்புக்கும் வாய்ப்பு ஒன்றேதான். இதே கிரான்வில் 1981 ஜனவரியில் எல்லாப் பங்குகளையும் விற்றுவிடச் சொல்லித் தன் சந்தாதாரர்களுக்கு ஓர் இரவு செய்தி அனுப்ப, மறுநாள் நியூயார்க் சந்தையே சரிந்தது. 1982 ஆகஸ்டில் சந்தை பெரிதாக ஏறத் தொடங்கியபோது, இன்னும் இறங்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். சந்தையாவது அவர் சொன்னதை ஒருமுறை கேட்டது. பிங்கோ பந்துகளுக்குக் காது கிடையாது.

இன்னொரு உத்தி எல்.எச்.சி. டிப்பெட் என்ற ஆங்கிலேயப் புள்ளியியலாளர் பெயரில் உலவுகிறது. ஆட்டம் நீளும் என்றால் 38-ஐ ஒட்டிய எண்களும், சீக்கிரம் முடியும் என்றால் 1, 75 ஆகிய ஓரங்களை ஒட்டிய எண்களும் உள்ள அட்டை நல்லது என்பார்கள். வந்த எண்களின் சராசரி நடுவுக்கு நகர்கிறது என்பது மெய். எண்களே நடுவுக்கு நகர்கின்றன என்பது பொய். ஊரின் சராசரி வயது 38 என்பதால் 38 வயதுக்காரர் வீட்டில் மட்டும் அழைப்பு மணி அடிக்கிற தபால்காரர் எங்காவது உண்டா? இதில் வேடிக்கை என்னவென்றால், 41,600 இலக்கங்களை எந்த ஒழுங்குமில்லாமல் அடுக்கி, தற்செயல் எண்களுக்கென்றே முதல் அட்டவணையை 1927-இல் வெளியிட்டவர் இதே டிப்பெட். ஒழுங்கின்மைக்கு அகராதி போட்டவர் தலையிலேயே ஒழுங்கைக் கட்டிவிட்டார்கள்.

டிக்கெட்டைக் கூட வாங்கினால் வாய்ப்பு கூடுமே என்பார்கள். கூடும், மறுக்கவில்லை. நூறு டிக்கெட், டிக்கெட் இருபது ரூபாய், சங்கத்துக்குப் பங்கு போகப் பரிசு 1,600 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வாங்கினால் வாய்ப்பு இரட்டிப்பு. ஆறு வாங்கினால் ஆறு மடங்கு. இந்தப் பாதையில் அஞ்சாமல் நடந்து நூறையும் வாங்கிவிட்டால் வெற்றி உறுதி, 400 ரூபாய் நஷ்டமும் உறுதி. ஆட்கள் குறைவாக வரும் நாளில் ஆடு என்பதும் சரியான யோசனைதான். பரிசுத் தொகை மாறாமல் இருக்கும் வரை அது பலிக்கும். மழை பெய்து பாதிப் பேர் வராத மாலையில் செயலாளர் பரிசையும் பாதியாக்கிவிட்டால், குடையோடு வந்தது வீண். ‘எங்கள் பிளாக்கில் ஒரு மாமி எப்போதும் ஜெயிக்கிறாரே?’ என்ற கேள்விக்கும் விடை உண்டு. பிளாக்குக்கு ஒரு மாமி அப்படி இருந்தே ஆக வேண்டும். பிறகு அவர் ஜெயித்தது மட்டும் நினைவில் நிற்கும்.

நியாயமாக ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். எண்ணை நாமே தேர்ந்தெடுக்கும் லாட்டரியில் ஒரு சின்ன உத்தி இருக்கிறது. ஜெயிப்பதற்கு அல்ல, பங்கு பிரிக்காமல் இருப்பதற்கு. பிரிட்டனின் தேசிய லாட்டரியில் 1995 ஜனவரி 14 அன்று ஆறு எண்களும் சரியாக வந்தவர்கள் 133 பேர். சுமார் 1.6 கோடி பவுண்டு ஆளுக்கு 1,22,510 பவுண்டாகச் சுருங்கியது. பலரும் சீட்டின் நடுப்பகுதியிலேயே பரவலாகக் குறித்திருந்ததுதான் வினை. அத்தனை பேருடைய தனிப்பட்ட உள்ளுணர்வும் ஒரே மாதிரி வேலை செய்திருக்கிறது.

இனி, எவரும் படிக்காத இரண்டாம் பாகம்: ஜெயித்ததை என்ன செய்வது. தமிழ்நாட்டில் 2003-இலேயே லாட்டரி ஒழிந்தது. அதனால்தான் சீட்டு வாங்கக் கேரள எல்லையில் வாளையாறு வரை போகிறோம். கேரளத்தின் 2022 ஓணம் பம்பரை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பரிசு 25 கோடி. முகவர் கமிஷன் பத்து சதவீதம் போனால் 22.5 கோடி. அதில் முப்பது சதவீத வரி போனால் 15.75 கோடி. சர்சார்ஜும் செஸ்ஸும் பிறகு வந்து கதவைத் தட்டும். அவையும் போனால் 13 கோடிக்குச் சற்றுக் குறைவு. பரிசை வாங்குகிற அன்றே 15.75 கோடிக்கும் வீடு, கார் என்று வாக்குக் கொடுத்தவர் மார்ச் மாதத்தில் கடன்காரர். இத்தனை ஆண்டுகள் விழாத சீட்டுகளுக்குக் கொடுத்த காசை வருமானத்தில் கழிக்கலாமா என்றால், வரிச் சட்டம் ஒரு ரூபாய்கூடக் கழிக்க விடாது. அந்த ஆண்டு பரிசு விழுந்த ஆட்டோ ஓட்டுநர், உதவி கேட்டு வருகிறவர்களின் கூட்டம் தாங்காமல், விழாமலே இருந்திருக்கலாம் என்று சில நாட்களிலேயே சொன்னார். கேரள அரசு அதன் பிறகு பரிசு பெற்றவர்களுக்குப் பணத்தைக் கையாளப் பயிற்சி வகுப்பே நடத்தியது. லாட்டரி நடத்துகிற அரசு லாட்டரியிலிருந்து தப்பிக்கவும் பாடம் எடுப்பதை நான் கேலி செய்ய மாட்டேன். இந்த விஷயத்தில் உருப்படியாக நடந்த காரியம் அது ஒன்றுதான்.

லாட்டரிப் பணம் எப்படியும் தங்காது, எழுபது சதவீதம் பேர் திவாலாகிவிடுகிறார்கள், பிறகு திட்டம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அந்த எழுபது சதவீதத்தை எந்த அமெரிக்க அமைப்பின் தலையில் கட்டினார்களோ, அந்த அமைப்பே அது எங்கள் ஆய்வு அல்ல என்று 2018-இல் கைகழுவிவிட்டது. உண்மையான ஆய்வுகள் சொல்வது வேறு. ஃபுளோரிடாவில் 50,000 முதல் 1,50,000 டாலர் வரை வென்றவர்களைப் பின்தொடர்ந்ததில், முதல் இரண்டு ஆண்டுகள் திவால் குறைந்தது, மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் அதே அளவு கூடியது. பணம் திவாலைத் தடுக்கவில்லை, தேதியை மட்டும் தள்ளிவைத்தது. ஸ்வீடனில் பெரும்பரிசு பெற்றவர்களைப் பற்றி 2020-இல் வெளியான ஆய்விலோ, வாழ்க்கை குறித்த நிறைவு பத்தாண்டுக்கு மேலும் குறையாமல் இருந்தது. ஆக, பணத்தை நிர்வகிப்பது கைகூடாத வித்தை அல்ல.

நம்மாலும் முடியும் என்பதற்கு அதே அபார்ட்மென்ட் மாடியில் சான்று கிடைக்கும். அங்கே ஃபுல் ஹவுஸுக்குக் கொடுக்கிற பரிசு பல சமயம் ஒரு ஹாட் பாக்ஸ். அதை வென்ற குடும்பம் நடந்துகொள்ளும் விதத்தைக் கவனியுங்கள். வீட்டுக்கு வந்ததும் பிரிப்பதில்லை. பளபளப்புக் காகிதம் கசங்காமல் அப்படியே பரணில் ஏறும். உறவினர் கண்ணில் படாது. அவசரத் தேவைக்கென்று காத்திருந்து, மூன்றாம் மாதம் ஒரு புதுமனைப் புகுவிழாவில் முழு மதிப்புக்கு வெளியேறும். வரிப் பிடித்தம் கிடையாது, முகவர் கமிஷன் கிடையாது. கவனிக்க வேண்டிய அபாயம் ஒன்றே. யார் கையிலிருந்து வந்தது என்று உள்ளே ஒட்டியிருக்கும் சீட்டைக் கிழிக்க மறக்கக் கூடாது.