எலிகளின் கவனத்துக்கு

எடைகுறைப்பு ஊசியைப் போட்டுக்கொள்வதற்கு முன் இரண்டு கைகளையும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். இது முதல் விதி. அவசரப்பட வேண்டாம், குழாயடியில் உங்களுக்கு முன்னால் பலர் நிற்கிறார்கள். மருந்தை விற்றவர் கழுவிவிட்டார். காப்பீட்டு நிறுவனம் கழுவிவிட்டது. அமெரிக்க நாடாளுமன்றம் 2003இலேயே கழுவித் துடைத்துக்கொண்டு போய்விட்டது. மிச்சமிருப்பது உங்கள் கை ஒன்றுதான்.

கழுவியாயிற்றா? இனி கூரியரில் வந்த குப்பியை எடுத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். அடியில் வெள்ளைத் தூள் கொஞ்சம் அப்பியிருக்கும். மேலே ஒட்டிய சீட்டில் பெப்டைடின் பெயர், எத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு, அதற்கும் கீழே பொடி எழுத்தில் ஒரு வாசகம்: ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதப் பயன்பாட்டுக்கு அல்ல. அந்த மனிதரல்லாத பிறவி யார் என்று சுற்றுமுற்றும் பார்க்காதீர்கள். நீங்கள்தான். பணம் கட்டும்போது 'நான் ஆராய்ச்சியாளர்' என்ற கட்டத்தில் டிக் அடித்தீர்களே, அந்த நொடியிலேயே ஆராய்ச்சியாளர், ஆய்வுக்கூட எலி என்ற இரண்டு பதவிகளும் உங்களுக்கு வந்துவிட்டன. சம்பளம் கிடையாது. தீனியும் கூண்டு வாடகையும் உங்கள் செலவு.

உண்மையான ஆய்வுக்கூட எலி உங்களைவிடக் கொடுத்துவைத்தது. அதன்மேல் கை வைக்க ஒரு நெறிமுறைக் குழு அனுமதி தர வேண்டும். அதற்கு ஏற்றும் மருந்தை அளக்க, படித்த ஒருவர் இருக்கிறார். அது தின்றதும் மெலிந்ததும் பதிவேட்டில் ஏறும். செத்தால் ஏன் செத்தது என்று கேட்க ஆள் உண்டு. உங்களுக்கு இருப்பது குளியலறைக் கண்ணாடி.

அடுத்தது கணக்குப் பாடம். தூள் 10 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். 2 மில்லி தண்ணீர் கலந்தால் இன்சுலின் சிரிஞ்சில் 50 யூனிட் கோட்டில் நிற்பது இரண்டரை மில்லிகிராம். கைதவறி 1 மில்லி மட்டும் விட்டிருந்தால் அதே கோட்டில் நிற்பது ஐந்து. மில்லிகிராம், மில்லி, யூனிட் என்ற மூன்றையும் ராத்திரி பதினோரு மணிக்கு, பயத்தில் வியர்த்த கையோடு, மனக்கணக்காகப் போட வேண்டும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2024 ஜூலையில் ஓர் எச்சரிக்கை விட்டது. ஓசெம்பிக், வெகோவி ஊசிகளில் இருக்கும் மருந்து செமாகுளுடைட். அதை மருந்தகங்கள் கலந்து குப்பியில் கொடுக்க, தாங்களே அளந்து போட்டுக்கொண்டவர்களில் சிலர், போட வேண்டியதைப்போல 5 முதல் 20 மடங்குவரை ஏற்றிக்கொண்டார்கள். சிலர் மருத்துவமனைக்குப் போனார்கள். அதாவது உரிமம் பெற்ற மருந்தகம் கொடுத்த மருந்திலேயே இந்தக் கதி. உங்கள் குப்பியிலோ, சீட்டில் இருக்கும் பெயர்தான் உள்ளே இருக்கிறதா என்பதற்கே விற்றவர் சொல்லைத் தவிர வேறு சாட்சி இல்லை. எலை லில்லி நிறுவனத்தின் ரெட்டாட்ருடைட் என்ற எடைகுறைப்பு மருந்து பரிசோதனையில் இருக்கும்போதே, அனுமதிக்கு முன்பே, இந்தச் சந்தையில் 'ரெட்டா' என்ற செல்லப்பெயரோடு விலைபோனது. பிள்ளை பிறக்கும் முன்பே பந்தியில் சோறு போட்டுவிட்டார்கள்.

எங்கே குத்துவது? வயிற்றில், தொப்புளைச் சுற்றி இரண்டு அங்குலம் விட்டு. குத்துவதற்கு முன் ஒரு பல்லியை நினைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கத் தென்மேற்குப் பாலைவனத்தில் ஹீலா மான்ஸ்டர் என்றொரு நச்சுப்பல்லி உண்டு. ஆண்டுக்குச் சில வேளை தின்றாலே அதற்குப் போதும். அதன் நஞ்சில் இருந்த ஒரு பெப்டைடை நியூயார்க்கின் பிராங்க்ஸ் படைவீரர் மருத்துவமனையைச் சேர்ந்த ஜான் எங் 1992இல் கண்டறிந்தார். அதன் வழியே வந்த எக்செனடைட் 2005இல் சர்க்கரை நோய் மருந்தாக அனுமதி பெற்றது. நம் குடலில் சுரந்து, பசியைக் குறைத்து, சில நிமிடங்களில் அழிந்துபோகும் ஜிஎல்பி-1 ஹார்மோனின் வேலையை ஊசியால் நீடிக்கவைக்கலாம் என்று காட்டியதில் அந்தப் பல்லிக்கும் பங்கு உண்டு. பல்லி விழும் பலனைப் பஞ்சாங்கத்தில் பார்த்த வம்சம் நாம். தொப்புளுக்குப் பக்கத்தில் பல்லி விழுந்தால் என்ன பலன் என்று டென்மார்க்கில் கேளுங்கள், சொல்வார்கள்: ஓசெம்பிக் தயாரிக்கும் நோவோ நார்டிஸ்க் 2023இல் ஐரோப்பாவிலேயே அதிகச் சந்தை மதிப்புள்ள நிறுவனமானது, அந்த மதிப்பு டென்மார்க்கின் மொத்த உள்நாட்டு உற்பத்தியையே தாண்டியது. தன யோகம்தான், சந்தேகமில்லை. விழுந்தது உங்கள் வயிற்றில், பலன் அவர்கள் வீட்டில்.

இந்தக் கூத்துக்கு மனிதர்கள் ஏன் வருகிறார்கள்? புத்தி கெட்டு அல்ல. 2024 செப்டம்பரில் நோவோ நார்டிஸ்க் தலைவரை செனட் குழுவின் முன் உட்காரவைத்து பெர்னி சாண்டர்ஸ் விலைப்பட்டியல் வாசித்தார். ஒரு மாத ஓசெம்பிக் அப்போது அமெரிக்காவில் 969 டாலர். ஜெர்மனியில் 59 டாலர். லாபத்தையும் சேர்த்தே மாதம் 5 டாலருக்குள் இதைக் கொடுக்க முடியும் என்று யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதே ஆண்டு கணக்கிட்டிருந்தார்கள். சரி, அரசு உதவுமா? முதியோருக்கான மெடிகேர் திட்டத்தின் மருந்துப் பிரிவில் எடைகுறைப்பு மருந்து சேராது என்பது 2003ஆம் ஆண்டுச் சட்டம். உடற்பருமன் ஒரு நோய் என்று அமெரிக்க மருத்துவர் சங்கம் 2013இல் அறிவித்தது. மருத்துவருக்கு அது நோய், சட்டத்துக்கு அது சொகுசு. 2024 மார்ச்சில் சட்டத்தின் மனம் சற்றே இளகியது: பருமனோடு இதயநோயும் இருந்தால் வெகோவி தரலாமாம். வெறும் குண்டா, போய்விட்டு வா. மாரடைப்பு வந்ததும் சீட்டோடு வா, கவனிக்கிறோம். இதற்குப் பெயர் மக்கள்நலக் கொள்கை. 2025 நவம்பரில் வெள்ளை மாளிகையில் விலைக்குறைப்பு ஒப்பந்தத்தை அறிவித்துக் கைதட்டிக்கொண்டார்கள். அதுவரை மருந்து கைக்கெட்டாதவர்களைத் தூள் வியாபாரி கைநீட்டி வரவேற்றுக்கொண்டிருந்தார்.

அமெரிக்கக் கூத்து நமக்கெதற்கு என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எலை லில்லியின் எடைகுறைப்பு ஊசியான மௌஞ்சாரோ 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தது, முதலில் குப்பியாகத்தான். வாரம் ஒரு ஊசி, இரண்டரை மில்லிகிராம் குப்பி அப்போது 3,500 ரூபாய். செமாகுளுடைடின் காப்புரிமையும் 2026 மார்ச்சில் இங்கே முடிந்தது. ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40 விழுக்காட்டினருக்கு எடை அதிகம். அவர்களுக்கு இத்தனை நாள் நாம் கொடுத்த வைத்தியம் என்ன? மண்டப வாசலில் சந்தனம் கொடுத்த கையோடு, "என்னடி இப்படி ஊதிட்டே?" சினிமாவில் குண்டு மனிதர் உட்கார்ந்ததும் நாற்காலி முறியும், குடும்பத்தோடு சிரிப்போம். அதே பெண் ஊசி போட்டு இளைத்து வந்தால், "இதெல்லாம் குறுக்குவழி, நடக்கக் கூடாதா?" என்று அதே வாய் கேட்கும். நடக்க நாம் விட்டுவைத்த நடைபாதை எங்கே என்று மட்டும் அந்த வாய் சொல்லாது. தாழ்வுணர்ச்சியை ஊட்டியவர் ஒருவர், மருந்தை விற்பவர் இன்னொருவர். இருவருக்கும் நடுவே சிரிஞ்சோடு நிற்பவளுக்குத்தான் மனஉறுதி இல்லை என்று பெயர்.

ஒரு முறை போட்டால் முடிந்துவிடும் என்றும் நினைக்க வேண்டாம். செமாகுளுடைடை நிறுத்திய ஓராண்டுக்குள், இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்ததை 2022இல் வெளியான ஆய்வு காட்டியது. நோய்க்கு நெடுங்கால மருந்து வேண்டியிருப்பதில் வெட்கம் இல்லை, ரத்தக்கொதிப்புக்கும் அப்படித்தான். ஆனால் அந்த நெடுங்காலம் முழுவதும் பெயர்தெரியாத தூளை நம்பி ஒரு ஜீவன் காலம் தள்ள வேண்டுமென்றால், அது எடையின் குற்றம் அல்ல.

கடைசியாக, ஏதாவது ஆகிவிட்டால். மூன்று நாளாக வாந்தி நிற்கவில்லை, வயிற்று வலி முதுகுக்குப் போகிறது என்றால் யோசிக்காமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள்; என்ன போட்டுக்கொண்டீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். பிழைத்து வந்த பிறகு கேட்டுப்பாருங்கள். விற்றவர் சீட்டின் பொடி எழுத்தைக் காட்டுவார். காப்பீட்டுக்காரர் விதிப் புத்தகத்தைக் காட்டுவார். எஃப்டிஏ தன் பழைய எச்சரிக்கையின் தேதியைக் காட்டும். ஆனாலும் மெட்வாட்ச் என்ற பெயரில் அங்கே ஒரு புகார்ப் படிவம் இருக்கிறது. அதை நிரப்பாமல் விடாதீர்கள். வாங்கிய இடம், கொடுத்த பணம், பட்ட பாடு, ஒன்று விடாமல் எழுதுங்கள். ஒரு படிவத்தைக் கோப்புக்குள் புதைத்துவிடலாம். ஆயிரம் படிவங்கள் மேசையேறினால், மனித உடம்புக்குத்தான் போகிறது என்று தெரிந்தே 'மனிதருக்கு அல்ல' என்று அச்சடித்து விற்றவரைக் கூண்டிலேற்றி யாராவது கேட்டாக வேண்டும்: பின்னே யாருக்கய்யா விற்றாய்? எந்த எலி உன்னிடம் கிரெடிட் கார்டை நீட்டியது?